கதவோடு நின்றுவிடும் கண்

ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோபுரத்தை அறியாத தமிழர் அரிது. அரசு முத்திரையில் இருப்பது அதுதான் என்று பள்ளிக்கூடத்திலேயே சொல்லிவிடுகிறார்கள். முத்திரையை வரைந்தவர் மனத்தில் இருந்தது மதுரையின் மேலைக் கோபுரம் என்றொரு வாதமும் உண்டு. அந்த வழக்கு இருக்கட்டும். மதுரைக் கோபுரங்களில் மொய்த்துக் கிடக்கும் சுதைச் சிற்பங்களின் கூட்டம் இந்த 11 நிலைக் கோபுரத்தில் இல்லை என்பதை எத்தனை பேர் கவனித்திருப்போம்?

இப்படிக் கவனிப்பதற்கென்றே சிற்றூர்களுக்குக் கிளம்புகிறவர்கள் இன்று இருக்கிறார்கள். மரபு நடை என்ற பெயரில் திண்ணை, நிலைக்கதவு, விளக்குமாடம், ஓட்டுக்கூரை என்று தெருத்தெருவாகப் பார்த்துப் படம் எடுக்கிறார்கள். நல்ல பழக்கம்தான். ஆனால் அது எதைப் பார்க்கிறது, எதைப் பார்க்காமல் விடுகிறது என்பதையும் எடைபோட வேண்டும்.

இந்த ரசனைக்குப் பெயர்போன நாடு பிரான்ஸ். கொலோஞ்ச்-லா-ரூஜ் என்ற செந்நிறக் கல் கிராமத்தின் மேயர் ஷார்ல் செராக், 1982-இல் ‘பிரான்சின் மிக அழகான கிராமங்கள்’ என்ற சங்கத்தைத் தொடங்கினார். அதில் சேர ஊரின் மக்கள்தொகை 2,000-ஐத் தாண்டக் கூடாது. பாதுகாக்கப்பட்ட சின்னங்களோ இடங்களோ குறைந்தது இரண்டு இருக்க வேண்டும். அங்கே அழகுக்குச் சட்டத்தின் காவலும் உண்டு. பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி 500 மீட்டருக்குள் வீட்டின் வெளித்தோற்றத்தை மாற்றுவதானால், அரசு நியமித்த கட்டடக் கலைஞரின் கருத்தைக் கேட்க வேண்டியிருக்கும். நாம் ரசனையைக் கற்றுக்கொண்ட வேகத்தில் அந்த ஏற்பாட்டைக் கற்றுக்கொள்ளவில்லை. தமிழ்நாட்டில் மரபுச் சின்ன ஆணையத்துக்கான சட்டம் 2012-இல் நிறைவேறியது. தெருவில் இருக்கும் ஒரு சாதாரண ஓட்டு வீட்டை அதன் நிழல் இன்னும் தொடவில்லை.

முதலில் இந்தப் பழக்கத்தின் நிறையைச் சொல்லிவிடலாம். நுணுக்கம் பார்க்கப் பழகிய கண், அலங்காரத்துக்குப் பின்னால் இருக்கும் காரணத்தைத் தேடும். தாழ்ந்து இறங்கும் தாழ்வாரம் எதற்கு? வெயில் சுவரைத் தொடாமல் இருக்க. மலையடிவாரத்துச் சாரல் திண்ணையை நனைக்காமல் இருக்க. திண்ணை ஏன் வாசல் பக்கம் லேசாகச் சரிகிறது? கழுவிவிட்ட தண்ணீர் தேங்காமல் ஓட. முற்றம் வீட்டுக்கு வெளிச்சம், காற்று, மழைநீர் மூன்றையும் கொடுத்தது. இதில் பெரும்பகுதியை ஒரு தெருவில் நின்றே படித்துவிட முடியும்.

குறை எங்கே தொடங்குகிறது? பழையது மட்டுமே அழகு என்று முடிவு கட்டுவதில். ராஜபாளையத்துக்குப் போனால் இது புரியும். அங்கே சிங்கராஜாக்கோட்டை, சக்கராஜாக்கோட்டை என்று பெயர்கள் உண்டு. மதில் தேடிப் போகிறவருக்கு ஏமாற்றம்தான். அவை ராஜு சமூகத்தார் குடியேறிய குடியிருப்புகளின் பெயர்கள். 1936-இல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா தொடங்கிய ராஜபாளையம் மில்லுக்குப் பிறகு, ஊரின் கதை பஞ்சும் நூலுமாக வளர்ந்தது. மொசைக் தரை, இரும்புக் கிராதி, ஜன்னலுக்கு மேல் கான்கிரீட் சன்ஷேடு, கைப்பிடிச் சுவரில் சிமெண்டில் எழுதிய ஆண்டு: இருபதாம் நூற்றாண்டு நம் ஊர்களில் கட்டிய வீடு இதுதான். மரச்சட்டமும் நாட்டு ஓடும் தேடும் கேமரா இவற்றைத் தாண்டிப் போய்விடுகிறது. நூற்பாலை ஊருக்கு அதன் ஆலைக் காலத்து வீடு மரபாகாதா?

இரண்டாவது குறை, மறதி. திண்ணை வழிப்போக்கருக்கு இடம் கொடுத்தது என்று உருகி எழுதுகிறோம். எல்லா வழிப்போக்கருக்கும் கொடுக்கவில்லை. எந்தச் சாதிக்காரர் ஏறி உட்காரலாம், யார் தெருவிலேயே நிற்க வேண்டும் என்று அதே திண்ணை கோடு கிழித்தது. அதன் வழவழப்பை மட்டும் எழுதுவது பாதி வரலாறு.

மூன்றாவது, செலவைக் கணக்கில் எடுக்காதது. நாட்டு ஓட்டை மழைக்கு முன் மாற்றி அடுக்க வேண்டும். அந்த வேலை தெரிந்தவர்கள் குறைந்துவிட்டார்கள். பாகப்பிரிவினையில் முற்றத்தின் நடுவே சுவர் எழும்புகிறது. வீடு இடிபட்ட பின் தேக்குத் தூணும் நிலைக்கதவும் காரைக்குடியின் பழம்பொருள் கடைகளுக்குப் போய், எங்கோ ஒரு விடுதியின் வரவேற்பறையில் நிற்கின்றன. வீட்டிலிருந்து பிரித்து நுணுக்கத்தை மட்டும் ரசிக்கும் பார்வைக்கும் இந்த வியாபாரத்துக்கும் தூரம் அதிகமில்லை.

புதுச்சேரியின் வைசியாள் வீதி வேறு வழியைக் காட்டியது. அங்கே மரபுப் பாதுகாப்புக்கான இன்டாக் அமைப்பு ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியோடு தமிழ் வீடுகளின் முகப்புகளைச் சீரமைத்தது. வீட்டுக்காரர்களும் செலவில் பங்கேற்றார்கள். 2008-இல் யுனெஸ்கோ விருதும் கிடைத்தது.

ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே இதைவிடப் பழைய ஒரு ஏற்பாடு இருக்கிறது. ஆடிப்பூரத்தன்று ஆண்டாள் தேர் நான்கு ரத வீதிகளையும் சுற்றி வர வேண்டும். அவ்வளவு பெரிய தேர் திரும்பும் இடத்தில் யாரும் தாழ்வாரத்தை நீட்டிவிட முடியாது. எந்த மரபுச் சட்டமும் எழுதாத அகலத்தை வடம் பிடிக்கும் கைகள் ஆண்டுதோறும் அளந்து வைக்கின்றன. ராஜபாளையத்தில் முன்னாள் முதல்வர் பி.எஸ். குமாரசுவாமி ராஜா தம் வீட்டையே காந்தி கலை மன்றத்துக்குக் கொடுத்தார். குடும்பத்தின் வீட்டுக்கு ஊரின் வேலை கிடைத்தது. வீதியானாலும் வீடானாலும், செய்வதற்கு ஒரு வேலை இருக்கும்வரை அதைக் காக்க ஆட்களும் இருப்பார்கள்.

ஆகவே பார்க்கும் பழக்கத்தைக் கைவிடச் சொல்லவில்லை. அது தெருவோடு நிற்க வேண்டாம் என்கிறேன். பழைய வீட்டைப் பேணுகிறவருக்குச் சொத்துவரியில் சலுகை, ஓடு வேய்வோருக்குப் பயிற்சி என்று நகராட்சி அளவிலேயே தொடங்கலாம். பார்க்கப் போகிறவர் செய்யக்கூடியது இன்னும் சிறியது. நிலைக்கதவைப் படம் எடுக்கும் முன் வீட்டுக்காரரிடம், “இந்த வருஷம் ஓடு மாற்றினீர்களா, எவ்வளவு ஆச்சு?” என்று கேட்கலாம். அவர் சொல்லப்போகும் கணக்கு எந்தப் படத்திலும் விழாது.