சுவருக்குள் ஒரு பிடி: களமருதூரிலும் கிளிநொச்சியிலும்

உளுந்தூர்பேட்டை வட்டத்துக் களமருதூரில் ஏதாவது ஒரு வீட்டின் முன்சுவரை நிமிர்ந்து பார்த்தால், வெளிச்சுவர் இன்று எவ்வளவு சுமக்கிறது என்பது விளங்கிவிடும். கம்பத்திலிருந்து வரும் மின்கம்பியை வாங்கிக்கொள்ளும் சர்வீஸ் பைப், டிஷ், வாசல் விளக்கு, கண்காணிப்புக் கேமரா, ஏ.சி.யின் வெளி யூனிட், வெயிலுக்கும் சாரலுக்கும் நீட்டிவிட்ட கலர் ஷீட். வீடு கட்டிய கொத்தனாரிடம் இவற்றைப் பற்றி யாரும் பேசியிருக்க மாட்டார்கள். ஒவ்வொன்றையும் ஒவ்வோர் ஆண்டில் ஒவ்வோர் ஆள் டிரில் மெஷினோடு வந்து மாட்டிவிட்டுப் போயிருப்பார்.

பாக் நீரிணைக்கு அந்தப் பக்கம் கிளிநொச்சியிலோ யாழ்ப்பாணத்திலோ உள்ள வீட்டிலும் கதை இதுதான். கொத்தனாருக்குப் பதில் மேசன், எலக்ட்ரீஷியனுக்குப் பதில் வயர்மன், கேட்டுக்குப் பதில் கேற். சாமான்கள் ஏறக்குறைய ஒன்றே. மாறுவது சுவரும் கூரையும். அந்த வேறுபாடுதான் ஒரு ஷீட் புயலில் நிற்குமா, பறக்குமா என்பதை முடிவு செய்கிறது.

முதலில் காற்றின் கணக்கைப் பார்த்துவிடலாம். வேகம் எத்தனை மடங்கு கூடுகிறதோ, அழுத்தம் அதன் வர்க்கமாகக் கூடும். மணிக்கு 100 கி.மீ. வேகக் காற்று ஒரு சதுர மீட்டரில் சுமார் 47 கிலோ அளவுக்கு அழுத்தும், 140 கி.மீ. ஆனால் அது 92 கிலோவைத் தாண்டிவிடும். பத்தடி நீளம், நாலடி அகலத்தில் வாசலுக்கு மேல் போட்ட கலர் ஷீட்டின் பரப்பு சுமார் 3.7 சதுர மீட்டர். 140 கி.மீ. காற்று அதன் அடியில் புகுந்தால், ஏறத்தாழ 340 கிலோ விசையோடு மேலே தூக்கும். அந்த ஷீட்டைப் பிடித்துக்கொண்டிருப்பவை பெரும்பாலும் ஆறோ எட்டோ திருகாணிகள்.

2011 டிசம்பர் 30 காலை கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறிய தானே புயலின் வேகம் மணிக்கு 140 கி.மீ. வரை இருந்தது. பண்ருட்டிப் பக்கத்துப் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்ததை ஊரே அறியும். களமருதூர் அப்போது விழுப்புரம் மாவட்டத்தில் இருந்தது. இப்போது அது உள்ள கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது 2019 நவம்பரில்தான். கடலிலிருந்து உள்ளே தள்ளி இருக்கும் ஊர் என்பதால் புயல் இங்கே வருவதற்குள் தளர்ந்துவிடும் என்பது உண்மை. ஆனால் தளர்ந்த காற்றும் 340 கிலோவுக்குப் பதில் 170 கிலோ என்று தூக்கினால், அதையும் தாங்க ஒரு பிடி வேண்டும்.

இனி சுவருக்கு வருவோம். களமருதூர்ப் பக்கத்து வீடுகளில் சூளைச் செங்கல்தான் நெடுநாள் வழக்கம். இப்போது சாம்பல் கல்லும் சேர்ந்துவிட்டது. அடுத்த மாவட்டத்திலேயே நெய்வேலி அனல்மின் நிலையங்கள் இருக்கின்றன, அனல்மின் சாம்பலைச் செங்கல்லில் பயன்படுத்த வேண்டும் என்று மத்திய அரசும் 1999-இலேயே அறிவிக்கை வெளியிட்டது. வெளிச்சுவர் ஒன்பது அங்குலம், உள்தடுப்பு நாலரை அங்குலம். செங்கல்லுக்கான இந்தியத் தர நிர்ணயம் வலிமையைப் பல வகுப்புகளாகப் பிரிக்கிறது. அதில் கடைசி வகுப்பு ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 3.5 நியூட்டன். சாதாரண எம்20 காங்கிரீட்டுக்கு அதே கணக்கு 20. இரும்பு ஆங்கர் போல்ட்டைத் தயாரிப்பவர்கள் காங்கிரீட்டை மனத்தில் வைத்தே தயாரிக்கிறார்கள். முறுக்க முறுக்க அது உள்ளே விரிந்து சுற்றியுள்ள பொருளை நெரிக்கும். காங்கிரீட் அந்த நெரிப்பைத் தாங்கும். சூளைச் செங்கல், அதுவும் சுவரின் ஓரத்தில் இருப்பது, இரண்டாகப் பிளந்துவிடும்.

இலங்கையின் வடக்கில் செங்கல் வீடு அருமை. யாழ்ப்பாணத்துப் பழைய கல்வீடுகள் அந்த மண்ணின் சுண்ணாம்புக் கல்லாலும் முருகைக் கல்லாலும் எழுந்தவை. ஒழுங்கற்ற துண்டுகளைச் சுண்ணாம்புச் சாந்தில் அடுக்கிய சுவர்கள். அதில் துளையிடுபவருக்கு ஓரிடத்தில் பாறை, இரண்டு அங்குலம் தள்ளினால் பொடி. இன்றைய வீடுகள் சீமெந்துக் கல்லால் ஆனவை. வீட்டு வளவிலேயே அச்சு வைத்துக் கல் அரிவதும் வழக்கம். நாலு அங்குலக் கல், ஆறு அங்குலக் கல் என்று கனம் மாறும். கல்லின் வலிமையோ, அரிந்தவர் எவ்வளவு சீமெந்து சேர்த்தார், எத்தனை நாள் தண்ணீர் விட்டார் என்பதைப் பொறுத்தது. உள்ளே பொள்ளலான கல்லாக இருந்தால் இன்னொரு சிக்கல்: ஓர் அங்குலத் தோலைத் தாண்டியதும், திருகாணிக்காகத் துளையில் அடிக்கும் பிளக் வெற்றிடத்தில் நிற்கிறது. அங்கே எதை நெரிப்பது?

பிளக்குக்கும் ஒரு வரலாறு உண்டு. சுவரில் சதுரமாகக் கொத்தி, மரக்கட்டையை அடித்து இறுக்கி, அதில் ஆணி ஏற்றுவதுதான் இரு நாட்டிலும் பழைய முறை. மழையில் கட்டை ஊதும், வெயிலில் சுருங்கும், சில ஆண்டுகளில் ஆடும். 1910-களின் தொடக்கத்தில் ஜான் ஜோசப் ராலிங்ஸ் என்ற ஆங்கிலேயக் கட்டட ஒப்பந்தக்காரர், லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் சுவர்களைச் சிதைக்காமல் மின்சாதனங்களைப் பொருத்த வேண்டியிருந்தபோது, சணல் நாரை விலங்கு ரத்தத்தால் ஒட்டிக் குழாயாக்கினார். திருகாணி ஏறும்போது நார் விரிந்து துளையை நிறைத்தது. அவர் பெயரால்தான் நம் ஊர்க் கடைகளில் ராவல் பிளக், இலங்கையில் ரோல் பிளக். 1958-இல் ஜெர்மானியர் ஆர்தூர் ஃபிஷர் நைலானில் அதைச் செய்தார். இன்று இரு நாட்டுக் கடைகளிலும் கொத்துக் கொத்தாகத் தொங்கும் மலிவான பிளாஸ்டிக் பிளக்குகள் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவைதாம்.

பிளக் தோற்பது எங்கே என்று கிட்டத்தில் பார்க்க வேண்டும். கடையில் அதிகம் போகும் பிளக்கின் நீளம் 35 மில்லிமீட்டர். வெளிச்சுவரின் பூச்சு 15 மில்லிமீட்டர், சில இடங்களில் 20. ஆக, செங்கல்லுக்குள் இறங்குவது பாதிதான். பூச்சு எந்தச் சுமையையும் தாங்காது. இழுத்தால் அது சில்லாகப் பெயரும். அதோடு, துளை போட்ட பிறகு உள்ளே செம்மண் போலத் தூள் நிற்கும். அதை ஊதி எடுக்காமல் பிளக்கை அடித்தால், பிளக் தூளைத்தான் பிடித்துக்கொள்ளும். துளை செங்கல்லின் நடுவில் விழாமல் இரண்டு செங்கல்லுக்கு நடுவே உள்ள சாந்தில் விழுந்தால் பிடி இன்னும் மோசம். டிரில்லைச் சுத்தியல் முறையில் ஓட்டினால், எட்டு மில்லிமீட்டர் துளை மென்மையான கல்லில் பத்தாக அகலும். இவ்வளவும் நடந்த பிறகும் திருகாணி இறுகியது போலவே தோன்றும். வெயில் காலத்தில் ஒரு குறையும் தெரியாது.

கூரையில்தான் இரு நாடுகளும் பிரிகின்றன. களமருதூரில் புதிதாகக் கட்டும் வீடு பெரும்பாலும் காங்கிரீட் தளம் போட்டது. அதனால் தரையிலிருந்து ஏழடியில் லிண்டலும் சன்ஷேடும், பத்தடியில் தளமும் இருக்கும். பிடிக்க நல்ல பொருள் எங்கே இருக்கிறது என்று சுவரைத் தட்டாமலே சொல்லிவிடலாம். விவரம் தெரிந்த டிஷ்காரர் மொட்டை மாடித் தளத்தில் டிஷ்ஷை நிறுத்துகிறார். அவசரக்காரர் கைப்பிடிச் சுவரின் ஓரச் செங்கல்லில் மாட்டுகிறார். வடஇலங்கை வீட்டுக்கு ஓடோ அஸ்பெஸ்டாஸ் தகடோ வேய்ந்த சரிவுக் கூரை. மொட்டை மாடி இல்லை. ஆகவே அங்கே டிஷ் பல வீடுகளில் சுவரை விட்டு இறங்கி, முற்றத்தில் சீமெந்து இட்டு நட்ட இரும்புப் பைப்பின் உச்சிக்குப் போயிருக்கிறது. சுவரை நம்பாத இந்த ஏற்பாடு, சீமெந்துக் கல் வீட்டுக்குப் பொருத்தமானது. கள்ளக்குறிச்சி மாவட்டத்துக் கல்வராயன் மலையில் மண்சுவர் வைத்த மலையாளிப் பழங்குடியினர் வீடுகளுக்கும் இதுவே ஏற்றது. அந்தச் சுவரில் பிளக் அடிப்பதில் பயனில்லை.

சட்டமும் அறிவும் இரு பக்கமும் இல்லாமல் இல்லை. 1978 நவம்பர் 23 இரவு மட்டக்களப்பைச் சிதைத்த புயல், தீவைக் கடந்து மன்னார் வளைகுடா வழியாக ராமநாதபுரக் கரையையும் தொட்டது. அந்த அடிக்குப் பிறகு, பலத்த காற்றுக்கான கட்டட வடிவமைப்புக் கையேடு 1980-இல் இலங்கையில் வந்தது. நாட்டை மூன்று காற்று வலயங்களாகப் பிரித்துக் கிழக்குக் கரையை முதல் வலயத்தில் வைத்தது. இந்தியாவில் ஐ.எஸ். 875 என்ற தர நிர்ணயத்தின் மூன்றாம் பகுதி காற்று வேக வரைபடத்தைத் தருகிறது. சென்னைக்கு நொடிக்கு 50 மீட்டர். தாழ்ந்த வீடுகளைப் புயலுக்குத் தாங்கவைக்க 2004-இல் ஐ.எஸ். 15498 தனியாகவே வந்தது. கூரையைச் சுவரோடும் சுவரை அடித்தளத்தோடும் கட்டிப்போட வேண்டும் என்பதுதான் இரு நாட்டு அக்கறையின் சாரம். பின்னால் வந்து தொற்றிக்கொள்ளும் ஷீட்டுக்கும் யூனிட்டுக்கும் அந்த அக்கறை இன்னும் வரவில்லை.

உப்பும் ஈரமும் தனிக் கணக்கு. யாழ்ப்பாணக் குடாநாட்டில் எங்கே நின்றாலும் கடல் வெகுதூரம் இல்லை. மெல்லிய நாகப் பூச்சு போட்ட திருகாணி அங்கே விரைவில் துருவேறும். துரு ஊதும்போது சுற்றியுள்ள கல்லையும் விரிசலாக்கும். அங்கே எவர்சில்வர் திருகாணிதான் சரி. களமருதூரில் உப்பு இல்லை, மழை உண்டு. 2024 நவம்பர் இறுதியில் பெஞ்சல் புயல் கள்ளக்குறிச்சி மாவட்டத்தையும் நனைத்தெடுத்தது. துளையின் வாயைச் சிலிகான் பசையால் அடைத்துவிட்டால், தண்ணீர் உள்ளே இறங்கிப் பிடியைக் கெடுக்காது.

இரு கரைக்கும் பொதுவான ஒரு பழைய நுட்பத்தையும் இங்கே நினைக்க வேண்டும். கோயிலில் திருமேனியைப் பீடத்தோடு இறுக்க அஷ்டபந்தனம் சாத்துகிறார்கள். கொம்பரக்கு, குங்கிலியம், சுக்கான், காவிக்கல், தேன்மெழுகு, எருமை வெண்ணெய், செம்பஞ்சு, சாதிலிங்கம் ஆகியவற்றை இடித்துக் குழைத்த சாந்து அது. இடைவெளியை முழுக்க நிறைத்து, கல்லை நெரிக்காமல், ஒட்டிப் பிடிக்கும். இன்று வலைக்குழாயோடு துளைக்குள் செலுத்தும் கெமிக்கல் ஆங்கரும் இதே வழியில்தான் வேலை செய்கிறது. பொள்ளல் கல்லுக்கும் மெலிந்த செங்கல்லுக்கும் அதுவே தகும். அஷ்டபந்தனத்தைப் பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை குடமுழுக்கின்போது புதுப்பிக்கும் வழக்கமும் உண்டு. வீட்டுச் சுவரில் மாட்டிய ஷீட்டின் திருகாணியை வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் ஒருமுறை முறுக்கிப் பார்ப்பவர்கள் எத்தனை பேர்?

கதவு நிலைக்கும் கேட்டுக்கும் இரு நாட்டுக் கொத்தனாரும் பிடியை முன்கூட்டியே வைக்கிறார்கள். சுவர் எழும்போதே ஹோல்ட்ஃபாஸ்ட் என்ற இரும்புப் பட்டையைக் காங்கிரீட்டில் புதைப்பதும், கேட் தூணின் கம்பியோடு கீலைப் பற்றவைப்பதும் யாரும் சொல்லித்தர வேண்டாத வேலைகள். அதே கவனம் வெளிச்சுவரின் மற்றச் சாமான்களுக்கும் வர வேண்டும். அதற்கு நல்ல களம் அரசு வீட்டுத் திட்டங்கள். இந்திய உதவியோடு இலங்கையின் வடக்கு, கிழக்கில் எழுந்த வீடுகளுக்குத் தலா ஐந்தரை லட்சம் இலங்கை ரூபாய் தந்து, பயனாளியே முன்னின்று கட்டும்படி விட்டார்கள். தமிழ்நாட்டில் கலைஞர் கனவு இல்லம் 360 சதுர அடி வீட்டுக்கு மூன்றரை லட்சம் ரூபாய் தருகிறது. இரண்டிலும் சுவர் எழும்போது வீட்டுக்காரரே பக்கத்தில் நிற்கிறார்.

அவர் கேட்க வேண்டியது சிறிய விஷயம். வாசலுக்கு மேல் ஷீட் வரும் உயரத்தில் மூன்று இடம், சர்வீஸ் பைப்புக்கு இரண்டு, ஏ.சி. யூனிட்டோ டிஷ்ஷோ வரும் இடத்தில் நான்கு. அங்கெல்லாம் ஒரு செங்கல்லுக்குப் பதில் அதே அளவில் வார்த்த காங்கிரீட் கட்டியை வைத்துக் கட்டச் சொல்ல வேண்டும். பூச்சு போடும் முன் அந்த இடங்களைத் தரையிலிருந்தும் மூலையிலிருந்தும் அளந்து, கைபேசியில் படமும் எடுத்து வைத்தால், பத்தாண்டு கழித்து வரும் ஆளும் டிரில்லைச் சரியான இடத்தில் வைப்பார். ஏற்கெனவே கட்டிய வீடென்றால் சுவரை ஊடுருவிப் போகும் நீண்ட போல்ட்டும், உட்புறம் ஒரு கையகல இரும்புத் தகடும் போதும். செங்கல்லோ சீமெந்துக் கல்லோ, தகடு இழுவிசையைச் சுவரின் முழுக் கனத்துக்கும் பரப்பிவிடும். களமருதூர் வெல்டிங் பட்டறையிலும் கிளிநொச்சி ஒட்டு வேலைத் தலத்திலும் அதை வெட்டித் துளையிட்டுத் தரப் பத்து நிமிடம் ஆகாது.