மூன்று மெய்கள்

நம் கவிதை விமர்சனம் பெயர்ச்சொல்லைக் கட்டிக்கொண்டு அழுகிறது. படிமம், குறியீடு என்று நாம் எடுத்துக்காட்டுபவை எல்லாம் பெயர்கள்: நிலா, கண்ணாடி, சவம், படிக்கட்டு. வினை இவற்றைக் கோத்து நிறுத்தும் நூல் என்ற அளவில் சரி. ஆனால் யார் செய்தான், யாருக்கு நேர்ந்தது, யார் ஏவினான் என்ற விஷயத்தில் ஒரு கவிதை எடுக்கும் நிலை வினையின் உடம்பில்தான் இருக்கிறது. இதை நான் தெளிவாக உணர்ந்தது அம்ஹாரிக் மொழியின் இலக்கணத்தைப் படிக்கும்போது. எதியோப்பியாவின் இந்த செமிட்டிக் மொழிக்கு உல்ஃப் லெஸ்லாவ் 1995இல் ஆயிரம் பக்கங்களுக்கு மேல் ஓர் இலக்கணம் வெளியிட்டார். முழுக்க வேண்டாம், வினையடிகளைப் பற்றிய பகுதியையாவது கவிதை எழுதுகிறவர்கள் பார்க்கலாம்.

தமிழில் வினையடி என்றால் உச்சரிக்கக்கூடிய ஒன்று. 'உடை' என்று சொல்லலாம். மற்றதெல்லாம் பின்னால் ஒட்டிக்கொள்ளும். அம்ஹாரிக்கில் வேர் என்பது பெரும்பாலும் மூன்று மெய்கள், வாயால் சொல்லவே முடியாத வெறும் எலும்புக்கூடு. உயிர்களை நடுவில் செருகி, ஒரு மெய்யை இரட்டித்து, முன்னால் ஓர் அசை சேர்த்தால்தான் வினையடி பிறக்கிறது. ஸ்-ப்-ர் என்ற மூன்றிலிருந்து ஸெப்பெரெ, உடைத்தான். (அந்தப் 'ப'வைக் 'கம்பு' என்பதில் ஒலிப்பதுபோல் ஒலிக்க வேண்டும், நம் எழுத்தில் அதைக் காட்ட வழியில்லை.) ஸெபாப்பெரெ, துண்டுதுண்டாக உடைத்துப்போட்டான், செயல் திரும்பத்திரும்ப நடந்ததைச் சொல்லின் நடுவே மெய் திரும்பி வந்து சொல்கிறது. அஸ்ஸெப்பெரெ, உடைப்பித்தான். தெஸெப்பெரெ என்பதுதான் விசேஷமானது. உடைந்தது என்பதும் அதுதான், உடைக்கப்பட்டது என்பதும் அதுதான். தானாக உடைந்ததா, ஒருவன் உடைத்தானா என்பதைச் சொல் சொல்லாது. சுற்றியுள்ள வரிகள் சொல்ல வேண்டும்.

இதே அச்சில் க்-த்-ல் என்ற மூன்று மெய்களை வைத்துப் பாருங்கள். கெத்தெலெ, கொன்றான். தெகெத்தெலெ, கொல்லப்பட்டான். முதல் மெய்க்குப் பின் உயிரை நீட்டினால் தெகாத்தெலெ, ஒருவரோடொருவர் பொருதினர். அக்காத்தெலெ, அப்படிப் பொருதவிட்டான். அஸ்கெத்தெலெ, கொல்வித்தான். எதியோப்பியத் திருச்சபையின் வழிபாட்டு மொழியான கெயெஸில் 'கெத்ல்' என்றால் போராட்டம். புனிதர்களின் சரிதங்களுக்கும் அதுவே பெயர். 1970களிலும் 80களிலும் வடக்கே மலைகளில் ஆயுதம் ஏந்தியவர்களைத் திக்ரின்யா மொழியில் 'தெகாதலாய்' என்றார்கள், போராளி. அதே எலும்புக்கூடு. கொலையையும் புனிதரையும் போராளியையும் அடுத்தடுத்து நிறுத்த ஒரு தமிழ்க் கவிஞன் மூன்று உருவகங்களாவது செய்தாக வேண்டும். அங்கே அகராதியே அந்த வேலையைச் செய்து வைத்திருக்கிறது. கவிஞனுக்கு இது வசதியல்ல, ஆபத்து என்றுதான் நினைக்கிறேன்.

1977-78இல் மெங்கிஸ்து ஹைலெமரியாம் ஆட்சியின் சிவப்புப் பயங்கரத்தின்போது அடிஸ் அபாபாவின் தெருக்களில் இளைஞர்கள் சுட்டுப் போடப்பட்டார்கள். இப்போது நான் எழுதிய வாக்கியத்தையே பாருங்கள். ஆட்சியின் பெயர் இருக்கிறது, சுட்டவன் இல்லை. வங்கியில் நாங்கள் நாள் முழுவதும் எழுதுவதும் இந்த வினையைத்தான்: வழங்கப்பட்டது, வரவு வைக்கப்பட்டது. அங்கே குறைந்தபட்சம் ஒரு கையெழுத்தாவது கேட்பார்கள். 'தெகெத்தெலெ' என்று ஒளிந்துகொள்ள அம்ஹாரிக்கிலும் இடம் உண்டு. ஆனால் ஏவியவனைச் சுட்ட ஒரே சொல், 'அஸ்கெத்தெலெ', பேச்சில் உயிரோடு பக்கத்திலேயே நிற்கிறது. நம்மிடம் 'கொல்வித்தான்' இருந்தது. இன்று 'ஆள் வைத்துக் கொன்றான்' என்கிறோம். குற்றம் பாதி அந்த ஆளுக்குப் போய்விடுகிறது.

இன்னொரு சங்கதி எழுத்து சம்பந்தப்பட்டது. வினையடிகளின் வேறுபாடு பல இடங்களில் மெய் இரட்டிப்பதில்தான் இருக்கிறது. எதியோப்பிய எழுத்தோ இரட்டிப்பைக் காட்டுவதில்லை. 'யிமெதால்' என்றால் அடிக்கிறான். 'யிம்மெத்தால்' என்றால் அடிபடுகிறான். பக்கத்தில் இரண்டும் ஒரே நான்கு எழுத்துக்கள். நமக்கு 'அடங்கு', 'அடக்கு' என்று கண்ணுக்கே தெரிந்துவிடுகிறது. அங்கே அடிப்பவனும் அடிபடுபவனும் தாளில் ஒருவனே. வாசகன் வாயைத் திறந்தால்தான் தீர்ப்பு. ஹாதிஸ் அலெமாயெஹு தம் 'ஃபிக்ர் இஸ்கெ மெகாபிர்' நாவலில் இரட்டிக்கும் எழுத்துக்களின் மேல் புள்ளி வைத்தே அச்சிட்டார். எழுத்துச் சீர்திருத்தம் வேண்டும் என்று வாதாடியவர். அந்தப் புள்ளி பரவலாக வேரூன்றவில்லை. உரைநடைக்காரனுக்கு அது தேவை என்பது புரிகிறது. கவிஞர்கள் அதை வேண்டாமென்று விட்டதும் புரிகிறது. 'மெழுகும் பொன்னும்' என்று அவர்கள் சொல்லும் மரபு, மேல் அர்த்தத்தை உருக்கி உள் அர்த்தத்தை எடுக்கும் வகை, இப்படிப்பட்ட சந்துகளில்தான் பெரிதும் வாழ்கிறது. காளமேகத்தை நினைத்துக்கொண்டு இதை வெறும் சிலேடை என்று தாண்டிவிடக்கூடாது. டொனால்ட் லெவின் 1965இல் அதே தலைப்பில் புத்தகம் எழுதி, இதை ஓர் இனத்தின் மனப்போக்குக்கே சாவியாக்கினார். அது சமூகவியல். கவிதை வாசகனுக்கு அவ்வளவு பெரிய சாவி வேண்டியதில்லை. எந்த மெய் இரட்டித்தது என்று கேட்கத் தெரிந்தால் போதும்.

எதியோப்பியக் கவிதை தமிழுக்கு வந்தால் ஆங்கிலத்தின் வழியாகத்தான் வரும். ஆங்கிலத்தில் 'உடைந்தது', 'உடைத்தான்' இரண்டுக்கும் ஒரே வினை போதும். ஏவல் வந்தால் துணைவினை வைத்துச் சமாளித்துவிடுவார்கள். அதிலிருந்து எடுக்கிற நம்மவர் படிமத்தைப் பத்திரமாக இறக்கிவிட்டு, கொன்றவன் யார், கொல்வித்தவன் யார் என்பதைத் துறைமுகத்திலேயே விட்டுவிட்டு வருவார். அஸ்கெத்தெலெ வருகிற இடத்தில் 'கொல்வித்தான்' என்று போடலாம். பழைய வாடை அடிக்கிறது என்பார்கள். அடிக்கட்டும்.