சூளை முன்பணம்: உதவியா, பிணையா?

திருவள்ளூர் மாவட்டத்தில் பெரியபாளையம், ஊத்துக்கோட்டை, வெங்கல் பக்கத்துச் செங்கல் சூளைகளில் கல் அறுப்பு தொடங்குவது வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பிறகுதான். ஆனால் அந்த வேலைக்கான பேச்சு பல மாதம் முன்பே, ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால், மேற்கு ஒடிசாவின் பலாங்கீர், நுவாபடா மாவட்டக் கிராமங்களில் முடிந்துவிடுகிறது. விநாயகர் சதுர்த்திக்கு மறுநாள் அங்கே நுவாகாய், புது அரிசிப் பண்டிகை. வீட்டில் செலவு அதிகம், கையில் காசு குறைவு. அந்த நாட்களையொட்டி, சூளைக்கு ஆள் சேர்க்கும் ஊரறிந்த தரகரான சர்தார் வந்து முன்பணம் கொடுக்கிறார். தனி ஆளுக்கு அல்ல, கணவன், மனைவி, கூடவே உழைக்கக்கூடிய ஒரு பிள்ளை என்று ஒரு குடும்பத்துக்கே சேர்த்துக் கொடுக்கிறார். இந்த வழக்கத்தைக் கொத்தடிமைத்தனத்தின் மறுபெயர் என்று ஒரேயடியாக ஒதுக்குவோர் உண்டு. இது எல்லாத் தொழிலிலும் உள்ள அட்வான்ஸ்தானே என்போரும் உண்டு. இரு சாராருமே முக்கியமான ஒன்றைக் கவனிக்கத் தவறுகிறார்கள். முன்பணம் மனிதரைப் பிடித்துவைப்பது அச்சத்தால் மட்டும் அல்ல, அவர்களுடைய நேர்மையாலும்தான். வாங்கியதைத் திருப்பித் தரவேண்டும் என்ற நல்ல குணமே இங்கே ஒருவரை இருந்த இடத்தில் நிறுத்திவைக்கும் கருவியாகிறது.

முதலில் அதன் நன்மையை ஒப்புக்கொள்ள வேண்டும். நிலமோ நகையோ இல்லாத குடும்பத்துக்கு வங்கி மொத்தமாகப் பணம் தருவதில்லை. உள்ளூர் வட்டிக்காரர் தந்தாலும் வட்டி கழுத்தை நெரிக்கும். சர்தாரின் பணத்துக்குப் பெரும்பாலும் வட்டி என்று எதுவும் சொல்லப்படுவதில்லை, ஈடும் கேட்கப்படுவதில்லை. மகளின் திருமணம், மருத்துவச் செலவு, பழைய கடன் எல்லாவற்றையும் ஒரே வீச்சில் தீர்க்கும் தொகை அது. தினக்கூலியாக வருகிற காசு அன்றன்றே கரைந்துவிடும், மொத்தமாகக் கிடைத்தால்தான் ஒரு காரியம் முடியும் என்று அந்தக் குடும்பம் போடும் கணக்கில் தவறில்லை. முன்பணம் வாங்குவோரை விவரம் தெரியாதவர் என்று கருதும் நகரத்து இரக்கம் இந்தக் கணக்கைப் பார்ப்பதே இல்லை.

ஆனால் அந்தக் கணக்கு போடப்படும் நேரம் எப்படிப்பட்டது என்பதையும் பார்க்க வேண்டும். விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களில் 464 கரும்பு விவசாயிகளிடம் அறுவடைக்கு முன்னும் பின்னும் சோதனைகள் நடத்தி, ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 2013-இல் ‘சயின்ஸ்’ இதழில் முடிவுகளை வெளியிட்டார்கள். பணமுடை இருந்த, அறுவடைக்கு முந்தைய நாட்களில், அதே மனிதர்கள் யோசித்துத் தீர்க்கும் சோதனைகளில் பின்தங்கினார்கள். அறுவடை முடிந்து கைக்குக் காசு வந்தபின் தேறினார்கள். குறை அறிவில் இல்லை, நெருக்கடி மனத்தின் பெரும்பகுதியைப் பிடித்துக்கொள்கிறது என்பது ஆய்வாளர்கள் கண்ட முடிவு. சர்தார் வரும் பருவம் அந்த நெருக்கடியின் உச்சம். ஆயிரம் கல்லுக்கு என்ன கூலி, எத்தனை மாதம், கணக்கு எப்போது தீர்க்கப்படும் என்பவை கேட்கப்படாமல் போவது இயல்பே. இதோடு, ஒருவர் நமக்கு முதலில் ஏதேனும் கொடுத்துவிட்டால் பதிலுக்குச் செய்யாமல் இருக்க மனம் கூசும் என்பதையும், ஒருமுறை ஒப்புக்கொண்டதிலிருந்து பின்வாங்குவது கடினம் என்பதையும் உளவியலாளர் ராபர்ட் சியால்டினி 1984-இல் வெளியான தம் நூலில் விரிவாகக் காட்டினார். விற்பனையாளர்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டதாயினும், சூளைக்கு அது இன்னும் கச்சிதமாகப் பொருந்துகிறது. கொடுத்தவர் முகமறியாத கம்பெனி அல்ல, சொந்த ஊர்க்காரர். அவரிடம் வாக்குத் தவறினால் ஊரில் தலைகாட்ட முடியாது.

இதுவரை நடந்தது வசப்படுத்தல். சூளைக்கு வந்தபின் அது வேறாக மாறுகிறது. சாப்பாட்டுச் செலவுக்கென்று வாரந்தோறும் ஒரு சிறு தொகை மட்டும் கையில் தரப்படும், மீதிக் கூலி ‘கணக்கில்’ ஏறும். அந்தக் கணக்கு நோட்டு உரிமையாளரிடமோ மேஸ்திரியிடமோ இருக்கும், தமிழிலோ வெறும் எண்களாகவோ இருக்கும். நனைந்த கல், உடைந்த கல், மழையால் நின்ற நாள் ஆகியவற்றின் இழப்பு யார் தலையில் விழுகிறது என்பது பருவ முடிவில்தான் தெரியும். ஆக, தொழிலாளிக்குத் தான் எவ்வளவு கடன்பட்டிருக்கிறோம் என்று தெரியாது, ஆனால் கடன்பட்டிருக்கிறோம் என்று மட்டும் உறுதியாகத் தெரியும். வற்புறுத்தலுக்கும் வசியத்துக்கும் இடையிலான கோடு இங்கேதான் அழிகிறது. இதே மாவட்டத்தின் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் உருக்கு ஆலையில் நிற்கும் வடமாநிலத் தொழிலாளியின் நிலையும் எளிதல்ல. ஆனாலும் மாதக் கூலி கையில் வந்துவிட்டால், ஒப்பந்தக்காரர் பிடிக்காதபோது அடுத்த ஆலையின் வாசலுக்குப் போக அவரால் முடியும். சூளைத் தொழிலாளிக்கு அடுத்த வாசல் இல்லை, பழைய முன்பணம் தீராமல் போக முடியாது. 2011-இல் இந்த மாவட்டத்துச் சூளை ஒன்றிலிருந்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட ஒடிசாத் தொழிலாளர் மீட்கப்பட்டார்கள். அத்தனை பேரையும் ஓரிடத்தில் வைத்திருக்கக் காவலாள் மட்டும் போதாது. கணக்கு தீரவில்லை என்ற சொல்லுக்கும் அதில் பங்குண்டு.

சட்டம் இதை நெடுநாளாகவே அறிந்திருக்கிறது. கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976 கொத்தடிமைக் கடனை ரத்து செய்ததோடு, அது அத்தகைய கடன் அல்ல என்று நிரூபிக்கும் பொறுப்பையும் கொடுத்தவர் மேல் வைத்தது. ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் 1982-இல் உச்ச நீதிமன்றம், பசியும் வறுமையும் ஒருவரைக் குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே உழைக்க வைத்தால் அதுவும் கட்டாய உழைப்பே என்றது. நீதிபதி பகவதியின் அந்தத் தீர்ப்பு மனித நடத்தையைப் பற்றிய ஆழ்ந்த புரிதல் கொண்டது. ஆனால் களத்தில் விசாரிக்கும் அதிகாரி இன்றும் பூட்டையும் தடியையுமே தேடுகிறார். ‘யாராவது அடித்தார்களா?’ என்று கேட்கிறார். இல்லை என்ற பதில் வந்தால் கோப்பு மூடப்படுகிறது.

உரிமையாளர் தரப்பில் மூன்று வாதங்கள் உண்டு. முதலாவது, பிடிக்காவிட்டால் ஏன் ஆண்டுதோறும் வருகிறார்கள் என்பது. திரும்பி வருவது திருப்தியின் அடையாளம் ஆகாது. சென்ற பருவத்துப் பாக்கியைக் கழிக்க வந்தவரும், வேறு வழியின்றி வந்தவரும் அந்தக் கூட்டத்தில் இருக்கிறார்கள். இரண்டாவது, முன்பணம் வாங்கிக்கொண்டு வராமலே போகிறவர்களால் ஏற்படும் இழப்பு. இது உண்மையான சிக்கல். சிறிய சூளைக்காரர் வட்டிக்கு வாங்கித்தான் முன்பணம் கொடுக்கிறார், இடையில் உள்ள சர்தார்கள் எடுத்துக்கொள்ளும் பங்கும் அவர் தலையில்தான். ஆனால் வியாபார நட்டத்தை மீட்க நீதிமன்றம் இருக்கிறது. ஒரு குடும்பத்தின் நடமாட்டத்தை ஈடாகப் பிடிக்க எந்த நட்டமும் உரிமை தராது. மூன்றாவது வாதமே எனக்குக் கனமாகப் படுகிறது: முன்பணத்தைத் தடுத்தால் அந்தக் குடும்பங்கள் இன்னும் மோசமான கடனில் விழும். ஒப்புக்கொள்கிறேன். அதனால்தான் முன்பணத்தை ஒழிக்கச் சொல்லும் கோரிக்கையோடு நான் உடன்படவில்லை. தீங்கு பணத்தில் இல்லை, கூலி விவரம் சொல்லாமல் கொடுப்பதிலும், கணக்கை மறைப்பதிலும், கடன் தீரும்வரை போகக்கூடாது என்பதிலும் இருக்கிறது. இந்த மூன்றையும் அகற்றிவிட்டால் எஞ்சுவது சாதாரணக் கடன்தான்.

அப்படி அகற்றுவது நடக்காத காரியமும் அல்ல. ஆயிரம் கல்லுக்கான கூலி, வேலைக்காலம், முன்பணத் தொகை மூன்றும் ஒடியாவில் எழுதிய அட்டை குடும்பத்தின் கையில் இருக்கலாம். வாரக் கூலி முழுவதும் வங்கிக் கணக்கில் ஏறி, அதில் ஒரு வரம்புக்குள் மட்டும் முன்பணத்துக்குப் பிடிக்கலாம். மொத்தப் பிடித்தம் கூலியில் பாதியைத் தாண்டக்கூடாது என்பது கூலிச் சட்டங்களில் நெடுநாளாகவே உள்ள கோட்பாடு. திருவள்ளூரிலேயே, மீட்கப்பட்ட கொத்தடிமைத் தொழிலாளர்கள் மாவட்ட நிர்வாகத்தின் துணையுடன் ‘சிறகுகள்’ என்ற பெயரில் தாங்களே சூளை நடத்தியிருக்கிறார்கள். நம்பி வைத்திருந்தால் ஓடிவிடுவார்கள் என்ற பேச்சுக்கு அது நேரடியான பதில். சூளைகளுக்கு ஆய்வுக்குப் போகும் வருவாய்த் துறையினரும் தொழிலாளர் துறையினரும் அடித்தார்களா என்ற கேள்வியோடு நிற்க வேண்டாம். உங்கள் கணக்கில் இன்று எவ்வளவு பாக்கி, ஊரில் ஒரு சாவு என்றால் குடும்பத்தோடு நாளைக்கே கிளம்ப முடியுமா என்ற இரண்டையும், உரிமையாளரும் மேஸ்திரியும் அருகில் இல்லாதபோது, ஒடியா பேசுபவரை வைத்துக் கேளுங்கள்.