கைக்குத் தக்க பாடம்

நம்மிடையே சங்கீத விமர்சனம் என்று நடப்பதெல்லாம் கச்சேரி விமர்சனம்தான். இன்னார் இன்ன ராகத்தை எவ்வளவு நேரம் ஆலாபனை செய்தார், பக்கவாத்தியம் ஒத்துழைத்ததா, கடைசியில் வந்த துக்கடாக்கள் எப்படி என்று எழுதிவிட்டால் விமர்சகரின் வேலை தீர்ந்துவிடுகிறது. அந்தக் கச்சேரிக்குப் பத்துப் பதினைந்து வருஷங்களுக்கு முன்னால், ஒரு சின்ன அறையில், பாயை விரித்து இரண்டு பேர் எதிரெதிராக உட்கார்ந்து ஒரு காரியம் செய்தார்களே, அதை யாரும் விமர்சிப்பதில்லை. பாடம் சொல்லிக்கொடுப்பதும் ஒரு கலைதான். அதில் நல்லதும் உண்டு, மட்டமானதும் உண்டு, இரண்டையும் பிரித்துச் சொல்ல அளவுகோலும் உண்டு என்பது என் கட்சி. பிடில் பாடத்தை வைத்து இதைச் சொல்லிப் பார்க்கிறேன். நம்முடைய சங்கீதத்துக்குள் தனிப்பாடத்தின் வழியாகவே நுழைந்த வாத்தியம் அது என்பது ஒரு காரணம்.

முத்துஸ்வாமி தீக்ஷிதரின் தம்பி பாலுஸ்வாமி தீக்ஷிதர், 1786இல் பிறந்தவர், மணலி முதலியார் குடும்பத்தின் ஆதரவில் இருந்தபோது, சென்னையில் ஓர் ஐரோப்பியரிடம் பிடில் கற்றுக்கொண்டார். அந்த ஐரோப்பியருக்கு நம் கமகம் தெரிந்திருக்க நியாயமில்லை. பாலுஸ்வாமிக்கு அவருடைய சங்கீதம் தேவைப்படவில்லை. வில்லை இழுக்கும் வித்தையை அவரிடமிருந்து எடுத்துக்கொண்டு, மற்றதைத் தம் சங்கீதத்தின் போக்குக்கு விட்டார். பின்னால் எட்டயபுரம் சமஸ்தானத்தில் வித்வானாக விளங்கினார். அவருக்குப் பின் வந்தவர்கள் கைகளில் இந்த வாத்தியம் முழுக்க நம்முடையதாகிவிட்டது. மேல்நாட்டில் நின்றுகொண்டு மோவாயில் இடுக்கி வாசிப்பதை, நாம் தரையில் உட்கார்ந்து, அதன் தலையை வலது கணுக்காலில் ஊன்றி வாசிக்கிறோம். அங்கே நான்கு தந்திகளும் ஐந்தைந்து ஸ்வர இடைவெளியில் நிற்கின்றன. இங்கே ஸ-ப-ஸ-ப என்று நிற்கின்றன. வாத்தியத்தைத் தாங்கும் வேலை இடது கைக்கு இல்லாமல் போனதால், அது தந்தியின்மேல் தாராளமாக வழுக்கி ஓட முடிகிறது. கமகம் பிறந்தது அந்தச் சுதந்திரத்தில்தான். வாத்தியத்தை மனிதனுக்கு ஏற்ப மாற்றலாம் என்பதே நம் நாட்டில் பிடில் சரித்திரத்தின் முதல் பாடம். அதை மறந்துவிட்டு, மனிதனை வாத்தியத்துக்கு ஏற்ப வளைக்கிற வாத்தியார்களை நினைத்தால் எனக்கு ஆச்சரியமாக இருக்கிறது.

இரண்டாவது அத்தியாயம் நம் பக்கத்துக்காரர்களுக்கு நெருக்கமானது. தஞ்சை நால்வரில் இளையவரான வடிவேலு, முத்துஸ்வாமி தீக்ஷிதரின் சிஷ்யர், திருவிதாங்கூரில் ஸ்வாதித் திருநாள் மகாராஜாவின் சபைக்கு வந்து சேர்ந்தார். 1834இல் மகாராஜா அவருக்குத் தந்தத்தால் ஆன பிடில் ஒன்றைப் பரிசளித்தார். அன்று நாஞ்சில் நாடும் அந்த ராஜ்யத்தில்தான் இருந்தது. 1956 நவம்பர் 1ஆம் தேதிதான் அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் தமிழ்நாட்டோடு சேர்ந்தன. இன்றும் நவராத்திரிக்குப் பத்மநாபபுரத்திலிருந்து சரஸ்வதி புறப்பட்டுத் திருவனந்தபுரத்துக்குப் போகிறாள். அங்கே நவராத்திரி மண்டபத்தில் அவள் முன்னால் நடக்கிற கச்சேரியில் பிடிலும் உட்கார்ந்திருக்கிறது.

இங்கேயே இன்னொரு பிடிலும் உண்டு. 1806இல் ரிங்கல்தௌபே மயிலாடிக்கு வந்தார்; பிறகு லண்டன் மிஷன்காரர்கள் நாகர்கோவிலில் காலூன்றினார்கள். அவர்களோடு வந்த வேதக்கோயில் பாட்டில் நாலு குரல் ஒன்றோடொன்று பின்னி நிற்கும். அந்தச் சங்கீதத்தின் பிடில் நின்றுகொண்டு வாசிக்கப்படுவது, காகிதத்தைப் பார்த்து வாசிக்கப்படுவது, லண்டன் பரீட்சைக்காரர்களின் எட்டு கிரேடுகளை ஏறிப்போவது. வடிவீசுவரத்தில் ஒரு வீட்டில் மாயாமாளவகௌளையில் சரளி வரிசை ஒலித்துக்கொண்டிருக்கும்போது, இரண்டு தெரு தள்ளி இன்னொரு வீட்டில் அதே மரப்பெட்டியிலிருந்து பாக்கின் மெட்டு வருவது இந்த ஊரில் அதிசயம் அல்ல. ஒரே ஊரில் இரண்டு பிடில்கள் இருக்கும்போது, எந்தப் பிள்ளைக்கு எந்தப் பிடில் என்ற கேள்வி எழவேண்டும். அந்தக் கேள்வியைப் பெரும்பாலும் பிள்ளையின் ஜாதியும் மதமும் தீர்த்துவிடுகின்றன, காது தீர்ப்பதில்லை. பாடத்தின் முதல் குறை, பாடம் தொடங்குவதற்கு முன்பே அப்படி நேர்ந்துவிடுகிறது.

ஒரு பாடத்தை எப்படி மதிப்பிடுவது? முதல் பத்து நிமிஷத்தில் வாத்தியார் என்ன செய்கிறார் என்று பார்த்தால் போதும் என்று நான் சொல்வேன். மட்டமான வாத்தியார் உடனே சொல்லிக்கொடுக்கத் தொடங்கிவிடுகிறார். நல்ல வாத்தியார் பார்க்கிறார். பிள்ளையின் கை நீளம் என்ன? பிடில்களில் பதினாறில் ஒன்றிலிருந்து எட்டில் ஒன்று, கால், அரை, முக்கால், முழுசு என்று அளவுகள் இருப்பது வேடிக்கைக்காக அல்ல. 'வளருகிற பிள்ளைதானே, முழுசாகவே வாங்கிவிடுவோம்' என்று தகப்பனார் சட்டை தைக்கிற கணக்கில் வாங்கிவந்த பிடிலில், எட்டு வயதுப் பெண் முழங்கையை விறைத்துக்கொண்டு வாசிப்பதை நான் பார்த்திருக்கிறேன். அவளுக்கு ஸ்வரம் சேராததற்கு ஞானக் குறைவு காரணம் அல்ல, எட்டாத தூரம்தான் காரணம். சுண்டுவிரல் குட்டையான பிள்ளை ஒன்று வந்தால், அந்த விரலைத் திட்டிப் பிரயோஜனமில்லை. நம் கமகத்துக்கு ஆள்காட்டி விரலும் நடுவிரலுமே பெரும்பாரத்தைச் சுமக்கும் என்று தெரிந்த வாத்தியார் வேறு வழி போட்டுக்கொடுப்பார்.

அடுத்தது சுருதி. ஆண் குரலுக்கு ஒன்றிலிருந்து இரண்டு கட்டை, பெண் குரலுக்கு ஐந்து, ஐந்தரை, ஆறு என்று நம் பாட்டுக்காரர்களுக்கு வழக்கம் உண்டு. பிடில் பாடத்துக்கும் இது பொருந்தும். ஏனென்றால் நம் முறையில் பாடாமல் வாசிக்க முடியாது. நாகர்கோவிலில் எனக்குத் தெரிந்த ஒரு வாத்தியார், பையன் பிடிலை எடுத்தவுடன் சொல்கிற வார்த்தை ஒன்றுதான்: "மக்கா, முதல்ல பாடு. பொறவு வாசி." பாடியது வில்லில் வரவேண்டும்; விரலுக்குத் தெரிந்தது வாயில் வந்து பிரயோஜனமில்லை என்பது அவர் சித்தாந்தம். பதின்மூன்று பதினான்கு வயதில் பையனுக்குத் தொண்டை உடைகிறபோது அவர் சுருதியை இறக்குகிறார். சில மாசம் புதுக் கீர்த்தனை எதுவும் கிடையாது, பழையதையே தாழ்ந்த ஸ்தாயியில் மெல்லப் பாடி வாசிக்கவேண்டும். அந்த மாசங்களில்தான் எத்தனையோ பையன்கள் 'எனக்குப் பாட்டு போய்விட்டது' என்று பிடிலையும் மூடிவைத்துவிடுகிறார்கள். அவரிடம் அப்படி மூடிவைத்தவர்கள் குறைவு.

வயோலா என்ற வாத்தியத்தையும் இங்கே சொல்லவேண்டும். பார்வைக்குப் பிடிலின் தமையனைப் போலிருக்கும். பிடிலைவிட ஐந்து ஸ்வரம் தாழ்ந்து பேசும். பிடிலின் உடல் பதினான்கு அங்குலம் என்று ஏறக்குறைய தீர்மானமாகிவிட்டது. வயோலாவுக்கு அப்படி ஒரு தீர்மானம் இல்லை. பதினைந்திலிருந்து பதினேழு அங்குலம் வரை, வாசிப்பவன் கைக்குத் தக்கபடி தேர்ந்தெடுத்துக்கொள்கிறார்கள். ஆள் அளவு பார்த்து வாங்குகிற வாத்தியம் என்பதாலேயே எனக்கு அதன்மேல் ஒரு மதிப்பு. ஒரு கட்டைச் சுருதிக்குப் பிடிலின் தந்தியைத் தளர்த்தினால் நாதம் சோர்ந்துபோகும். அங்கே வயோலா தொண்டை கனத்துப் பேசும். பாலமுரளிகிருஷ்ணா அதை எடுத்து வாசித்துக் காட்டினார். அந்த வழியில் அதிகம் பேர் போகவில்லை. வேதக்கோயில் வாத்தியக் கோஷ்டியிலும் வயோலாவுக்கு நடுக்குரல்தான். மெட்டு அதற்குக் கிடைப்பது அபூர்வம். ஆனால் எல்லாப் பிள்ளைகளும் மேல் ஸ்தாயியில் மின்னப் பிறந்தவர்கள் அல்ல. நடுவில் நின்று மற்ற குரல்களைக் கேட்டு ஒத்துப்போவதில் சந்தோஷம் காணும் சுபாவம் சிலருக்கு உண்டு. அப்படிப்பட்ட ஒரு பிள்ளையின் கையில் பிடிலை வாங்கிவிட்டு வயோலாவைக் கொடுக்கிற வாத்தியார், ஒரு நாவலாசிரியன் தன் பாத்திரத்தைப் புரிந்துகொள்வதைப்போல அந்தப் பிள்ளையைப் புரிந்துகொண்டிருக்கிறார்.

நாவல் எழுதுகிறவன் என்ற முறையில் இந்த ஒப்புமையை இன்னும் கொஞ்சம் நீட்ட எனக்கு உரிமை உண்டு. எல்லாப் பாத்திரங்களும் ஆசிரியனுடைய குரலிலேயே பேசுகிற நாவலை நாம் மட்டமான நாவல் என்கிறோம். எல்லாச் சிஷ்யர்களும் குருவின் குரலிலேயே வாசிப்பதை மட்டும் 'பாணி' என்று கொண்டாடுகிறோம். லியோபோல்ட் ஆவர் என்ற ஹங்கேரியர் பீட்டர்ஸ்பர்க்கில் பிடில் சொல்லிக்கொடுத்தார். ஹைஃபெட்ஸ், எல்மன், ஸிம்பலிஸ்ட் மூவரும் அவரிடம் கற்றவர்கள். மூவரின் இசைத்தட்டுகளையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பார்த்தால், ஒருவர் நாதம் மற்றவர் நாதமாக இல்லை. 1921இல் ஆவர் எழுதிய புத்தகத்தில், வில்லைப் பிடிக்க எல்லோருக்கும் பொதுவாக ஒரே விதி கிடையாது, கைக்குக் கை மாறும் என்கிறார். நம் பக்கத்திலும் உதாரணம் இல்லாமல் இல்லை. லால்குடி ஜெயராமன் தகப்பனார் கோபாலய்யரிடம் கடுமையான சிக்ஷையில் பயின்றவர். அவரிடம் பிடில்காரர்களும் கற்றார்கள், பம்பாய் ஜெயஸ்ரீ போன்ற பாட்டுக்காரர்களும் கற்றார்கள். துவாரம் வெங்கடஸ்வாமி நாயுடு விஜயநகரம் சங்கீதக் கல்லூரிக்கு மாணவராகச் சேரப் போனார். அங்கிருந்தவர்கள் அவர் வாசிப்பைக் கேட்டுவிட்டு 1919இல் ஆசிரியராகவே வைத்துக்கொண்டார்கள். விண்ணப்பத்தைப் பார்க்காமல் வாசிப்பைக் கேட்டார்களே, அதைத்தான் நான் ஒவ்வொரு பாடத்திலும் எதிர்பார்க்கிறேன்.

இதற்கு ஓர் ஆட்சேபம் உண்டு, அது லேசான ஆட்சேபமும் அல்ல. ஆளுக்குத் தக்க பாடம் என்று தொடங்கினால், சரளியும் ஜண்டையும் அலங்காரமும் கீதமும் வர்ணமும் என்று பெரியவர்கள் போட்டுவைத்த படிக்கட்டு என்ன ஆவது? பிள்ளைக்கு எது இஷ்டமோ அதையே ஊட்டிக்கொண்டிருப்பதா? இந்தக் காலத்தில் நடப்பதும் பெரும்பாலும் அதுதான். மூன்றாவது மாசமே தகப்பனார் வாசலில் வந்து நிற்கிறார்: "சாரே, பிள்ளை ஒரு சினிமாப் பாட்டாவது எப்ப வாசிக்கும்?" மாசச் சம்பளத்தை நம்பியிருக்கிற வாத்தியார் அடுத்த வாரமே சொல்லிக்கொடுத்துவிடுகிறார். ஆண்டு விழாவில் கைதட்டல் கிடைக்கிறது. பிள்ளையின் வில் மட்டும் பாலத்துக்கு நேராக ஓடாமல் பாம்பைப்போல நெளிந்துகொண்டிருக்கிறது.

ஒருவன் கேட்கிற பாடம் வேறு, அவனுக்குத் தக்க பாடம் வேறு. வைத்தியர் நாடி பார்த்து மருந்து கொடுப்பது நோயாளியின் நாக்கு ருசிக்காக அல்ல. சரளி வரிசையை யாருக்கும் தள்ளிவிட முடியாது. ஆனால் ஒருவனுக்கு அது ஒரு மாசம், இன்னொருவனுக்கு எட்டு மாசம். ஒருவனுக்கு முதல் காலத்தில் வில்லை முழுக்க இழுத்து வாசிக்கவேண்டும், அவசரக்காரன் அவன். இன்னொருவன் பயந்தவன், வில்லின் நுனியிலேயே கீறிக்கொண்டிருப்பான். அவனை இரண்டாம் காலத்துக்குத் தள்ளித் துணிச்சல் வரவழைக்கவேண்டும். படிக்கட்டு ஒன்றுதான். ஏறுகிறவனின் மூச்சைப் பார்த்து நிறுத்தியும் நடத்தியும் ஏற்றுவதுதான் வாத்தியாரின் சாமர்த்தியம். அதனால்தான் இது சுலபமான வழி அல்ல, கடினமான வழி. பத்துப் பிள்ளைகளை வரிசையாக உட்காரவைத்து ஒரே வர்ணத்தை ஒப்பிக்கவைப்பவர் ஒரு பாடம்தான் தயார்செய்யவேண்டும். இவர் பத்துத் தயார்செய்யவேண்டும்.

ஒரே பிள்ளையை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தால் மட்டும் அது தனிப்பாடம் ஆகிவிடாது என்பதையும் சொல்லிவிடவேண்டும். எதிரே ஒருவன்தான் இருந்தாலும், அவன் வாசிக்கும்போது தானும் கூடவே ஓங்கி வாசித்து, அவன் தப்பையெல்லாம் தம் நாதத்தால் மூடிவிடுகிற வாத்தியார்கள் உண்டு. பையன் நன்றாக வாசிப்பதாக இருவருமே நம்பிக்கொண்டிருப்பார்கள். இந்த விஷயத்தில் இன்றைய கைபேசிப் பாடம் ஒரு வேடிக்கையான உபகாரம் செய்திருக்கிறது. அமெரிக்காவிலிருக்கும் பேரப்பிள்ளைக்கு இங்கிருந்து திரையில் பாடம் சொல்கிறபோது ஒலி தாமதித்துப் போய்ச் சேர்வதால் இருவரும் சேர்ந்து வாசிக்க முடியாது. அவன் வாசித்து முடிக்கும்வரை வாத்தியார் கைகட்டிக் கேட்டாகவேண்டும். பாயில் எதிரே உட்கார்ந்திருந்தபோது கேட்காததை, பத்தாயிரம் மைலுக்கு அப்பாலிருந்து சிலர் கேட்கத் தொடங்கியிருக்கிறார்கள். ஆனால் முழங்கை விறைத்திருப்பதைத் தொட்டுத் தளர்த்திவிடத் திரைக்குக் கையில்லை.

இவ்வளவு ஆராய்ச்சி எதற்கு, வித்வானாகிறவன் எப்படியும் ஆகிவிடுவான் என்று சிலர் சொல்லலாம். உண்மைதான். எந்த மோசமான வாத்தியாரையும் தாண்டி வித்வான் வந்துவிடுவான். எனக்குக் கவலை அவனைப் பற்றி அல்ல. நாகர்கோவிலிலும் தக்கலையிலும் மார்த்தாண்டத்திலும் சாயங்கால வேளையில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பாடத்துக்குப் போகிற பிள்ளைகளில் மேடை ஏறப்போகிறவர்கள் நூற்றில் ஒருவர் இருப்பார்களோ என்னவோ. மற்றவர்கள் டாக்டராகவோ குமாஸ்தாவாகவோ ஆசிரியையாகவோ போவார்கள். பெண் பிள்ளைகளில் பலருக்குக் கல்யாணத்தோடு பெட்டி பரணில் ஏறிவிடும். அவர்களுக்கெல்லாம் அந்தச் சில வருஷப் பாடம் என்ன கொடுத்தது? தக்கபடி கற்றவர்கள் நல்ல ரசிகர்களாகிறார்கள்; ஒரு கச்சேரியில் எந்த இடத்தில் உயிர் இருந்தது என்று அவர்களுக்குத் தெரியும். தப்பாகக் கற்றவர்கள் 'எனக்குச் சங்கீதம் வராது' என்ற ஒரே பாடத்தை ஆயுள் முழுக்கச் சுமக்கிறார்கள். அளவு தப்பிய பிடிலாலும், எட்டாத சுருதியாலும், கேட்காத காதாலும் வந்த தீர்ப்பு அது. அந்தத் தீர்ப்பைத் தங்கள் பிறவிக் குணம் என்று நம்பிவிட்ட நடுவயது ஆண்களும் பெண்களும் நம் ஊர்களில் ஏராளம். அவர்கள் பிள்ளைகளைப் பாடத்துக்கு அனுப்பும்போது, வாத்தியாருக்கு எத்தனை கீர்த்தனை பாடம் என்று விசாரிப்பதோடு நிறுத்திவிடவேண்டாம். முதல் நாள் அவர் பிள்ளையை வாசிக்கச் சொல்லிக் கேட்டாரா என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளட்டும்.