குப்பிக்குள் ஓயாத நொதி: ஜி.எஸ்.கே.-3 பீட்டா

உயிரணுவுக்குள் ஒரு செய்தி புரதத்திலிருந்து புரதத்துக்குக் கைமாறுவதற்கு, ஏ.டி.பி. என்னும் ஆற்றல் மூலக்கூறிலிருந்து ஒரு பாஸ்பேட்டைக் கழற்றி மற்றொரு புரதத்தின்மேல் ஒட்டும் கைனேஸ் நொதிகளே பெரும்பாலும் வழிசெய்கின்றன. மனித மரபணுத் தொகுதியில் இவ்வகை நொதிகள் 518 என்று 2002இல் கணக்கிடப்பட்டது. அவற்றுள் ஒன்றன்மீது கிள்ளான் பள்ளத்தாக்கு உரிமை பாராட்டலாம். கிளைக்கோஜன் சிந்தேஸ் கைனேஸ்-3, சுருக்கமாக ஜி.எஸ்.கே.-3, முயலின் எலும்புத் தசையிலிருந்து தனித்துப் பிரிக்கப்பட்டதை 1980இல் அறிவித்த கட்டுரையின் முதல் ஆசிரியர் நூர் எம்பி. ஸ்காட்லாந்தின் டண்டீ நகரில் பிலிப் கோஹனின் ஆய்வுக்குழுவில் அப்பணியைச் செய்த அவர், பின்னாளில் பாங்கியிலுள்ள மலேசியத் தேசியப் பல்கலைக்கழகத்தில் ஆய்வைத் தொடர்ந்தார்.

இன்று இந்நொதிக்காக எவரும் முயலைத் தேடுவதில்லை. சந்தையில் கிடைப்பது மறுசேர்க்கை வடிவம், அதாவது மனித மரபணுவை வேறோர் உயிரின் அணுக்களுக்குள் புகுத்தி, அவற்றைக் கொண்டே செய்வித்த புரதம். இங்கே மதிப்பிடப்படுவது, படைப்புழுவின் சினைப்பைத் திசுவிலிருந்து வளர்த்தெடுக்கப்பட்ட எஸ்.எஃப்.9 அணுக்களில் உருவாகி, ஜி.எஸ்.டி. என்னும் ஒட்டுப்புரதத்தோடு வரும் பீட்டா வகை. மக்காச்சோளத்தை அழிப்பதால் உழவர் வெறுக்கும் அதே புழுதான் இது. மைக்ரோகிராம் கணக்கில் விற்கப்படும் நொதி உலர்பனியில் வந்து சேர்கிறது. சுழியத்துக்குக் கீழ் 80 பாகையில் வைக்கவேண்டிய பொருளுக்கு, வானூர்தி நிலையத்திலிருந்து ஆய்வுக்கூடம்வரை நீளும் நண்பகல் வெயிலே முதற்சோதனை. வந்தவுடன் சிறுசிறு பங்காகப் பிரித்து உறையவைக்காமல், ஒரே குப்பியை மீண்டும் மீண்டும் உருக்கி உறையவைக்கும் பழக்கம் நொதியின் வேகத்தைக் குறைத்துவிடும். அதன்பின் பதிவேட்டிலுள்ள செயல்திறன் எண்ணை நம்புவதற்கில்லை.

இந்நொதியின் இயல்பு பிற கைனேஸ்களுக்கு நேர்மாறானது. பெரும்பாலானவை செய்தி வந்தால் விழித்தெழ, இதுவோ ஓய்வு நிலையிலேயே வேலைசெய்து, செய்தி வந்தால் அடங்குகிறது. கிள்ளானின் தெங்கு கிளானா சாலையில் ஒருவர் வாழையிலைச் சோறு உண்டபின் இன்சுலின் சுரக்க, அதன் தூண்டுதலால் ஏ.கே.டி. என்னும் மற்றொரு கைனேஸ் ஜி.எஸ்.கே.-3 பீட்டாவின் 9ஆம் இடத்துச் செரைனில் பாஸ்பேட்டை ஏற்றி அதை அடக்குகிறது. அதனால் தடை நீங்கிய கிளைக்கோஜன் சிந்தேஸ், இரத்தத்தின் சர்க்கரையைத் தசையில் கிளைக்கோஜனாகச் சேமிக்கிறது. இந்த அடக்கும் வழியை 1995இல் காட்டியதும் டண்டீ ஆய்வாளர்களே. இனிப்புநீர் நோய் மலிந்த நாட்டில் இந்நொதிமீது ஆய்வாளருக்கு ஆர்வம் எழுவது இயல்பு. ஆனால் குப்பியில் இன்சுலினும் இல்லை, ஏ.கே.டி.யும் இல்லை, ஆகவே அங்கே அது ஓயாமல் ஓடிக்கொண்டிருக்கும்.

புதிதாகப் பழகுவோர் இடறும் இடம் வேறொன்று. கிளைக்கோஜன் சிந்தேஸ் போன்ற பல இலக்குகளில், வேறொரு கைனேஸ் முன்னரே ஒரு பாஸ்பேட்டை வைத்திருக்க வேண்டும். அதிலிருந்து நான்கு இடங்கள் முன்னால் உள்ள செரைனிலோ திரியோனினிலோதான் ஜி.எஸ்.கே.-3 தன் பாஸ்பேட்டை ஒட்டும். இந்த முன்குறி இல்லாத பெப்டைடைக் கொடுத்துவிட்டு நொதி மந்தம் என்று முடிவுகட்டுவது, பூட்டுக்குரிய சாவியைத் தராமல் கதவைக் குறைசொல்வதாகும்.

வேகத்தை அளக்கக் கதிரியக்க பாஸ்பரஸ் பழைய முறை. இன்று பலர் நாடுவது ஒளிமுறை. வினையில் மிஞ்சிய ஏ.டி.பி.யை அகற்றி, உருவான ஏ.டி.பி.யின் எச்சத்தை, அதாவது ஒரு பாஸ்பேட் இழந்த மூலக்கூறை, மீண்டும் ஆற்றல் மூலக்கூறாக்கி, லூசிபரேஸ் நொதியால் ஒளிரச் செய்கிறார்கள். கோல சிலாங்கூர் ஆற்றங்கரை மரங்களில் மின்மினிகள் ஒளிர்வதும் இவ்வகை நொதியால்தான். வசதியான முறையே, எனினும் ஏ.டி.பி.யை வீணே உடைக்கும் எந்த மாசும் இதே ஒளியைத் தரும் என்பதால், சோதனைத் தட்டில் பெப்டைடு சேர்க்காத கிணறு ஒன்றும், 85ஆம் லைசினை மாற்றிச் செயலிழக்கச் செய்த நொதியுள்ள கிணறு ஒன்றும் கட்டாயம் வேண்டும்.

லித்தியம் இந்நொதியைத் தடுப்பதை 1996இல் கண்டறிந்தனர். அது மக்னீசியத்தோடு போட்டியிட்டே தடுக்கிறது. வழக்கமான கைனேஸ் கரைசலில் மக்னீசியத்தைத் தாராளமாகச் சேர்ப்பதால், அங்கே லித்தியம் உயிரணுவில் இருப்பதைவிட வலுவற்றதாகத் தோன்றும். தடுப்பான்களை ஒப்பிட வாங்குவோர், மக்னீசியத்தையும் ஏ.டி.பி.யையும் எவ்வளவு சேர்த்தோம் என்று குறிக்காமல் தடுப்புத்திறன் எண்ணை மட்டும் வெளியிட்டால் அந்த எண்ணுக்குப் பொருளில்லை.

தடுப்பான்களைச் சலித்தெடுக்கும் பணிக்கு இக்குப்பி தகும். இன்சுலினின் அடக்குமுறையைக் குழாயில் மீளக்காட்ட விரும்புவோருக்கு அத்தனை தகாது. ஏ.கே.டி.யைத் தனியே வாங்கி 9ஆம் செரைனில் பாஸ்பேட்டை ஏற்றினாலும், அந்தச் செரைன் புரதத்தின் முன்முனையில் இருக்க, நத்தைக் காய்ச்சல் புழுவிலிருந்து கடன்வாங்கிய பெரிய ஜி.எஸ்.டி. ஒட்டும் அதற்கு முன்னாலேயே தொங்குகிறது. மேலும், பாஸ்பேட் ஏறிய முன்முனை மடிந்து வந்து முன்குறி அமரும் குழியை அடைத்தே நொதியை அடக்குகிறது. எனவே முன்குறியிட்ட பெப்டைடை மிகுதியாகக் கொட்டினால், அது முன்முனையைக் குழியிலிருந்து வெளியேற்றிவிட, அடக்கமே நிகழாததுபோல் கருவி காட்டும். அத்தகைய சோதனைக்குப் பின்முனையில் சிறிய ஹிஸ்டிடின் ஒட்டுள்ள வடிவத்தைக் கேட்டு வாங்கி, பெப்டைடைக் குறைத்து வைப்பதே பொருந்தும்.