ஒரே வெந்நீர்: பட்டுப்புழுவும் கருணையின் சொல்லாடலும்

சென்னையிலிருக்கும் ஒரு நண்பர் சில மாதங்களுக்கு முன் ஒரு துண்டுப் பிரசுரத்தைக் கொடுத்தார். விலங்கு நலத்துக்கான தன்னார்வ அமைப்பு ஒன்று போட்டது. பெயர் இங்கே முக்கியமில்லை, இதே தொனியில் பேசுகிற பிரசுரங்கள் நிறைய உண்டு. வழவழப்பான தாள், நான்கு பக்கம், கடைசியில் 'பட்டைத் துறக்கிறேன்' என்றொரு உறுதிமொழி, அதன் கீழே கையெழுத்துக்கு ஒரு கோடு. "ஆரணிக்காரர் நீங்க போட்டா அதுக்குத் தனி மதிப்பு" என்றார் நண்பர்.

ஊருக்கு எடுத்து வந்தேன். தறிக்குழியில் காலை விட்டு உட்கார்ந்திருந்த பெரியப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். நாடாவை நிறுத்தாமலே கேட்டார். முடித்ததும் சொன்னார்: "புழுவுக்குக்கூட ஆளு வந்துட்டாங்க, நல்லதுதான்பா. நமக்கு எப்ப வருவாங்கன்னு அந்தத் தாள்ல போட்டுக்குதா பாரு."

இந்த ஒரு வாக்கியத்தோடு கட்டுரையை முடித்துவிடலாம். நம் வாசகர்களில் பலருக்கு அது போதும். 'மனுஷன் சாகிறான், இவனுங்களுக்குப் புழு கேக்குதா' என்று சிரித்துவிட்டுப் போய்விடலாம். ஜல்லிக்கட்டு விஷயத்தில் நாம் செய்தது கிட்டத்தட்ட அதுதான். 2014 மே மாதம் உச்ச நீதிமன்றம் தடை விதித்தது, 2017 ஜனவரியில் மெரினா நிறைந்தது, 2023 மே மாதம் அரசியல் சாசன அமர்வு தமிழகச் சட்டத் திருத்தம் செல்லும் என்றது. இந்த ஒன்பது வருஷத்தில் மாட்டுக்கு வலிக்குமா என்ற கேள்வியை நாம் ஒரு தடவையாவது நின்று கேட்டோமா? 'வெளிநாட்டு அமைப்பு' என்ற ஒரே சொல்லில் கேள்வியையே நாடு கடத்திவிட்டோம். அந்தச் சௌகரியம் எனக்கு இப்போது வேண்டாம். பிரசுரத்தை ஒரு பிரதியாக எடுத்துக்கொண்டு வாசித்துப் பார்க்கலாம் என்று நினைக்கிறேன்.

1

பிரதியின் இலக்கணத்திலிருந்து தொடங்குவோம். 'புழுக்கள் உயிரோடு கொதிக்க வைக்கப்படுகின்றன.' 'கூடுகள் சிதைக்கப்படுகின்றன.' 'இழை உருவப்படுகிறது.' எல்லாமே செயப்பாட்டு வினை. யார் கொதிக்க வைக்கிறார்கள், யார் உருவுகிறார்கள் என்பதற்கு நான்கு பக்கத்திலும் பதில் இல்லை. புழுவின் படம் இருக்கிறது, பட்டுக் கட்டிய மணப்பெண்ணின் படம் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் வெறும் வெள்ளைத் தாள். கூடு வளர்க்கிற தருமபுரி விவசாயி, ராமநகரத்தில் இழையெடுக்கும் பெண், ஆரணியிலும் தேவிகாபுரத்திலும் தறியில் உட்கார்ந்திருப்பவன் எல்லோரும் அந்த வெள்ளைக்குள் போய்விட்டார்கள்.

அடுத்தது எண். ஒரு புடவைக்கு ஐம்பதாயிரம் புழு என்கிறது பிரசுரம். கணக்குப் போட்டேன். ஒரு கூடு ஒன்றரையிலிருந்து இரண்டு கிராம். ஒரு கிலோ கச்சாப்பட்டுக்கு ஏறக்குறைய ஏழெட்டுக் கிலோ கூடு வேண்டும். அரைக் கிலோ பட்டு ஏறுகிற புடவைக்கு இரண்டாயிரத்துச் சொச்சம் கூடு, கனத்த புடவைக்கு மூவாயிரம் நாலாயிரம். இரண்டாயிரம் சாவு மட்டும் சின்னச் சாவா என்று கேட்கலாம், நியாயம். நான் சொல்ல வருவது வேறு. பட்டு புழங்கும் எந்தத் தெருவில் கேட்டிருந்தாலும் இந்தக் கணக்கைச் சொல்லியிருப்பார்கள். யாரிடமும் கேட்கவில்லை என்பதற்கு அந்த ஐம்பதாயிரமே சாட்சி.

மூன்றாவது, அந்த வெந்நீர். பெரும்பாலும் கூடுகளை முதலில் ஆவியிலோ வெப்பக் காற்றிலோ வைத்துவிடுகிறார்கள். புழு அங்கேயே செத்துவிடுகிறது. பிறகுதான், கூட்டை ஒட்டியிருக்கும் பசை இளகுவதற்காக, வெந்நீர்த் தொட்டிக்கு வருகிறது. இழையெடுப்பவர் அந்தச் சூட்டில் விரலை விட்டு நுனி தேடுகிறார். 2003இல் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் இந்தியப் பட்டுத் தொழிலில் கொத்தடிமைச் சிறார்களைப் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. கொதிநீரில் கைவிட்டுக் கூடு தடவிய கர்நாடகப் பிள்ளைகளும், முன்பணத்துக்காகத் தறியில் உட்கார்த்தப்பட்ட காஞ்சிபுரத்துப் பிள்ளைகளும் அதில் வருகிறார்கள். தானியங்கி இயந்திரங்கள் வந்துவிட்டன, ஆனாலும் சிறு நூற்பகங்களில் இன்றும் விரல்தான் வேலை செய்கிறது. பிரசுரம் படம் பிடித்துப் போட்டிருக்கிற அந்தத் தொட்டியில் உயிரோடிருப்பது பெரும்பாலும் விரல் மட்டும்தான். பிரசுரத்தின் கண்ணுக்கு அது படவில்லை.

2

இது கவனக்குறைவு இல்லை என்று நினைக்கிறேன். இதன் வேர் இன்னும் கொஞ்சம் கீழே இருக்கிறது.

தோலும் பட்டும் செத்த உயிரிலிருந்து வருபவைதான். ஆனால் நம் சமூகத்தில் தோல் தீட்டு, பட்டு மடி. பூஜைக்கும் கல்யாணத்துக்கும் பட்டுதான் சுத்தம். இரண்டாயிரம் உயிரைக் கொன்று நெய்த துணி, உடுத்துவதில் அதிசுத்தமான துணியாக இருக்கிறது. அப்படியானால் சுத்தம் என்பது கொலையோடு சம்பந்தப்பட்ட விஷயமே இல்லை, யார் கையில் கறை நிற்கிறது என்பதோடு சம்பந்தப்பட்டது. செத்த மாட்டைத் தொட்டவன் தலைமுறை தலைமுறையாகக் கறையைச் சுமந்தான். பட்டு கட்டியவர்களுக்கு ஒரு கறையும் ஒட்டவில்லை.

காஞ்சி சங்கராச்சாரியார் சந்திரசேகரேந்திர சரஸ்வதி, பட்டை விட்டுவிடும்படி பெண்களிடம் சொல்லிவந்தார். அதற்குள் ஒரு நேர்மை உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அந்த வேண்டுகோளும் உடுத்துகிறவரை நோக்கித்தான். 'நீ சுத்தமாகு' என்பதே அதன் வடிவம். இன்றைய பிரசுரத்தின் உறுதிமொழியும் அதே வடிவந்தான். மடி என்ற சொல் போய் 'அறநுகர்வு' வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

சட்டத்தின் கதையையும் பார்க்கவேண்டும். 1952இல் மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்ட ருக்மிணி தேவி அருண்டேல் கொண்டுவந்த தனிநபர் மசோதாதான் 1960ஆம் ஆண்டின் பிராணிவதைத் தடுப்புச் சட்டத்துக்கு விதை. 1962இல் அமைந்த விலங்கு நல வாரியத்துக்கும் அவரே முதல் தலைவர். அவர் உருவாக்கிய கலாக்ஷேத்ராவின் தறிக்கூடமோ பட்டுப் புடவைகளுக்குப் பேர்போனது. இதைக் கபடம் என்று நான் சொல்லவில்லை. கருணைக்கு எங்கே பார்வை மங்குகிறது என்பதற்கு அடையாளமாகச் சொல்கிறேன். அந்தச் சட்டத்தில் மனிதனல்லாத எந்த உயிரும் 'விலங்கு', ஆகவே புழுவும் விலங்கு. ஆனால் அந்தச் சட்டம் தடுக்க நினைப்பது 'தேவையற்ற' வலியைத்தான். எது தேவை, எது தேவையற்றது என்று முடிவு செய்யும் இடத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள்? சட்டம் அதைப் பற்றி வாய் திறப்பதில்லை.

2017 மே மாதம் அதற்கு ஒரு பதில் வந்தது. இதே சட்டத்தின் கீழ் மத்திய அரசு கால்நடைச் சந்தை விதிகளைப் போட்டு, வெட்டுவதற்காகச் சந்தையில் மாடு விற்பதை முடக்கப் பார்த்தது. உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அந்த மாதமே இடைக்காலத் தடை கொடுத்தது. கிழட்டு மாட்டை விற்று அடுத்த மாடு வாங்கும் விவசாயி, கறிக்கடைக்காரர், தோல் பதனிடுபவர் ஆகியோர்தான் அந்த விதிகளுக்குக் குற்றவாளிகளாகத் தெரிந்தார்கள். பட்டு மாலையோடு மேடையேறுபவர் யாரும் தெரியவில்லை. கருணைக்கும் சரிவு உண்டு, அது எப்போதும் கீழ்நோக்கியே உருள்கிறது.

3

'அகிம்சைப் பட்டு இருக்கிறதே' என்பார்கள். ஆர். வெங்கட்ராமன் குடியரசுத் தலைவராக இருந்தபோது அவர் மனைவி ஜானகி, புழுவைக் கொல்லாத பட்டு கிடைக்குமா என்று கேட்டாராம். அந்தக் கேள்விதான் ஆந்திரக் கைத்தறித் துறையில் இருந்த குசுமா ராஜய்யாவை அந்த வேலையில் இறக்கியது என்று சொல்லப்படுகிறது. அந்துப்பூச்சி கூட்டைத் துளைத்து வெளியே வந்த பிறகு, அறுந்த இழையைப் பஞ்சு போல நூற்கவேண்டும். உழைப்பு கூடும், மினுமினுப்பு குறையும், விலை ஏறும்.

வெளியே வந்த பூச்சியின் கதி என்ன? பல்லாயிரம் வருஷம் மனிதன் வளர்த்து வளர்த்து அதற்குப் பறக்கத் தெரியாமல் போய்விட்டது, தின்ன வாயும் இல்லை. இணைகிறது, முட்டையிடுகிறது, சில நாளில் சாகிறது. ஒரு தாய்ப்பூச்சிக்கு முந்நூறு நானூறு முட்டை. அத்தனையும் பொரித்தால் தின்னக்கொடுக்க மல்பெரி இலை எந்த ஊரில் இருக்கிறது? போதாததற்கு, பாஸ்டர் 1860களில் கண்ட வழிப்படி, முட்டை வித்தகங்களில் தாய்ப்பூச்சியை நசுக்கி நுண்ணோக்கியில் நோய் பார்க்கிறார்கள். அகிம்சை என்ற சொல் சாவை ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்கு மாற்றி வைக்கிறது. வாங்குகிறவருக்குத் தூக்கம் வருகிறது. அந்தத் தூக்கத்தின் விலையைக் கொடுக்க முடிந்தவர்கள் யார் என்பதும் தெரிந்ததுதான்.

4

இப்போது நம் பக்கம். விலங்கு நல அமைப்புகள் எல்லாம் பொழுதுபோக்கு என்று சொல்கிறவர்கள், சென்னை மாநகராட்சி தெருநாய்களை மின்சாரம் பாய்ச்சிக் கொன்ற காலத்தை நினைத்துப் பார்க்கவேண்டும். புளூ கிராஸ் முப்பது வருஷத்துக்கும் மேல் விடாமல் வாதாடிய பிறகுதான் 1996இல் மாநகராட்சி கருத்தடை வழிக்கு வந்தது. அந்தப் பிடிவாதத்தில் நாம் கற்றுக்கொள்ள வேண்டியது இருக்கிறது. புழுவுக்கு வலிக்காது என்று நிச்சயமாகச் சொல்லவும் இன்று யாராலும் முடியாது. 2024இல் நியூயார்க்கில் அறிவியலாளர்களும் தத்துவவாதிகளும் வெளியிட்ட பிரகடனம், பூச்சிகளுக்கும் உணர்வு இருக்கும் சாத்தியத்தைத் தள்ளிவிடக் கூடாது என்கிறது. நம் சங்கங்களின் கோரிக்கைகளை எனக்குத் தெரிந்தவரை புரட்டிப் பார்த்தேன். கூலி உண்டு, ஜரிகை விலை உண்டு, விசைத்தறிப் போட்டி உண்டு. புழு ஒரு வரியிலும் இல்லை. 2019-20 கைத்தறிக் கணக்கெடுப்பில் மூன்றில் இரண்டு பங்கு நெசவுக் குடும்பங்களின் மாத வருமானம் ஐந்தாயிரம் ரூபாயைத் தாண்டவில்லை. அந்த நிலையில் புழுவை எங்கே நினைப்பது என்பீர்கள். ஆனால் பிரசுரம் நெசவாளியை வெள்ளைத் தாளுக்குள் தள்ளியதுபோல நாமும் புழுவைத் தள்ளியிருக்கிறோம் என்பதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

'புழுவா மனுஷனா' என்ற கேள்வியே தப்பு. இரண்டையும் ஒரே வெந்நீரில் போட்டிருப்பது ஒரே சந்தை, ஒரே அவசரம். விரலுக்குப் பதில் இயந்திரம் வரவேண்டுமா? அப்போது அந்தப் பெண்ணுக்கு வேலை என்ன? பட்டு குறையவேண்டுமா? அப்படியானால் இந்தத் தறிக்குழி பருத்திக்குத் திரும்ப யார் கூலி கொடுப்பது? உறுதிமொழிக்கு முன்னால் பேச வேண்டிய சங்கதி இது. பேசுகிற கூட்டத்தில் இழையெடுப்பவரும் தறிக்காரரும் இருக்கவேண்டும், படத்தில் அல்ல, நேரில்.

பெரியப்பாவிடம் திரும்பவும் கேட்டேன்: "புழு சாகறது உங்களுக்கு ஒண்ணும் தோணாதா?" கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "தோணாம இருக்குமா? அது செத்தாதான் நான் சோறு துன்றேன்னு எனக்குத் தெரியும். கட்டிக்கினு போறவங்களுக்குத்தான் தெரியறதில்ல" என்றார்.

பிரசுரத்தில் நான் கையெழுத்துப் போடவில்லை. கிழித்துப் போடவும் இல்லை. கோட்டுக்குக் கீழே இந்தக் கேள்விகளை எழுதி, ஆரணிக்கு ஒரு நாள் வாருங்கள் என்று குறிப்பிட்டுத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை.