காவேரிக்கு மெட்டுப் போட்ட கங்கைக்காரர்

சலீல் சௌத்ரியின் நூற்றாண்டையொட்டித் தமிழில் நடக்கும் பேச்சில் இரண்டு சங்கதிகள் ஓயாமல் திரும்பி வருகின்றன. வங்காளத்தில் சமைத்து, பம்பாயில் பரிமாறி, மிஞ்சியதைத்தான் அவர் தெற்கே கொண்டுவந்தார் என்பது ஒன்று. இளையராஜாவுக்கு அவர் ஒரு முன்னுரை என்பது மற்றொன்று. முன்னது வசை, பின்னது புகழுரை. இரண்டுமே பாட்டுகளை உட்கார்ந்து கேட்காதவர்கள் சொல்வது.

வரலாற்றின் முன்பாதி வாசகர்களுக்குத் தெரிந்ததுதான். அசாம் தேயிலைத் தோட்டத்தில் டாக்டராக இருந்த அப்பா, வீட்டில் சுழன்ற மேற்கத்திய சிம்பொனித் தட்டுகள், கல்கத்தா, இப்டா (இந்திய மக்கள் நாடக மன்றம்) மேடைகள், விவசாயிகள் போராட்டம். 1949-இல் ஹேமந்த் குமார் குரலில் வந்த ‘காயேர் போது’ வங்கத்தைப் பிடித்து உலுக்கியது. அதே ஆண்டு ‘பரிவர்தன்’ படத்தின் மூலம் சினிமாவுக்கு வந்தார். பிமல் ராயின் ‘தோ பீகா ஜமீன்’ (1953) அவர் எழுதிய கதை, இசையும் அவரே. ‘மதுமதி’ (1958) அவரை இந்தி சினிமாவின் முன்வரிசையில் உட்காரவைத்தது. ‘சாயா’வில் (1961) மொசார்ட்டின் 40-ஆம் சிம்பொனியை எடுத்தாண்டதைப் பற்றி எழுதாத ஆளில்லை, அதை விட்டுவிடலாம். ‘ஆனந்த்’ (1971), ‘ரஜனிகந்தா’ (1974) வரை வந்தால் பொதுவான பட்டியல் முடிந்துவிடும்.

இந்தப் பட்டியலில் யாரும் நின்று பார்க்காத ஒரு வரி உண்டு. 1958-இல் பாடகி ரூமா குஹா தாக்குர்தாவோடு சேர்ந்து அவர் தொடங்கிய கல்கத்தா யூத் கொயர். நம் சினிமாவில் கோரஸ் என்றால் நாயகன் மூச்சு வாங்கும் நேரத்தில் பின்னாலிருந்து ஆஹாகாரம் போடும் கூட்டம். சலீலுக்கு அப்படியல்ல. ஊர்வலத்தில் பாடக் கற்றவர் அவர். அவர் பாட்டில் கூட்டத்துக்குச் சொந்தமாக ஒரு வழி உண்டு; தனிக்குரல் ஒரு பக்கம் போக, கூட்டம் இன்னொரு பக்கம் போகும், இரண்டும் ஓரிடத்தில் சந்திக்கும். அவர் முழு வாழ்க்கையையும் இந்த நூலைப் பிடித்துக்கொண்டே கேட்டுவிடலாம் என்பது என் கட்சி.

இப்படிக் கேட்டால், அவருடைய உச்சம் பம்பாயில் இல்லை, கடற்கரையில் இருக்கிறது. ராமு காரியாட்டின் ‘செம்மீன்’ (1965). தென்னிந்தியாவுக்கு முதல் ஜனாதிபதி தங்கப் பதக்கத்தை வாங்கித் தந்த படம். ஒரு வார்த்தை மலையாளம் அறியாத மன்னா டேயை அழைத்துவந்து, கடற்கரை இரவில் தனியே புலம்பவிட்ட துணிச்சலைத்தான் எல்லாரும் பேசுகிறார்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது, அந்தத் தனிக்குரலுக்கு எதிர்ப்பக்கத்தில் ஒரு குப்பமே சேர்ந்து பாடுவது. புலம்பும் காதலன் பரீக்குட்டி தோற்பது அந்தக் கூட்டத்திடம்தான். கதை சொல்வதை இசையும் சொல்கிறது.

குமரி மாவட்டத்துக் கொட்டாரத்துக்காரனான எனக்கு இது அயல்மொழிச் செய்தி அல்ல. எங்கள் மாவட்டம் 1956 நவம்பர் 1-இல் தமிழகத்தோடு சேர்ந்தது. ரேடியோவின் முள் முழுதாகச் சேரவில்லை. இங்கே டீக்கடைப் பெட்டி திருநெல்வேலிக்கும் இலங்கைக்கும் திருவனந்தபுரத்துக்குமாக அலையும். ‘நெல்லு’வில் (1974) லதா மங்கேஷ்கர் பாடிய மலையாளப் பாட்டை, மதுரையில் இருப்பவர்கள் பிற்பாடு அதிசயம்போல் கண்டெடுத்தார்கள், எங்களுக்கு அது சாயா குடிக்கும் நேரத்துப் பாட்டு. ஆகவே சலீலைத் ‘தமிழில் நாலைந்து படம் செய்தவர்’ என்று எண்ணிச் சொல்லும் கணக்கு எங்கள் காதில் ஏறுவதில்லை. ‘ஸ்வப்னம்’, ‘ராகம்’, ‘துலாவர்ஷம்’, ‘மதனோல்சவம்’ எல்லாம் சேர்ந்ததுதான் எங்கள் சலீல். ‘மதனோல்சவம்’ தமிழில் ‘பருவமழை’யாக டப்பாகி வந்தபோது, பாதிப் பாட்டு எங்களுக்கு ஏற்கனவே மனப்பாடம்.

மிச்சம் பரிமாறினார் என்ற குற்றச்சாட்டுக்கு வருகிறேன். மெட்டுகளைத் திரும்பப் பயன்படுத்தினார், உண்மை, அவரும் மறைக்கவில்லை. ‘அழியாத கோலங்கள்’ (1979) படத்தில் எஸ்.பி. பாலசுப்ரமணியம் பாடும் ‘நான் எண்ணும் பொழுது’, ‘ஆனந்த்’தில் லதா பாடியது, அதற்கும் முன் வங்காளத்தில் லதாவே பாடியது. மூன்றையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். முதல் இரண்டும் ஓர் இளம்பெண்ணின் மனம் நிலைகொள்ளாமல் தவிப்பது. பாலு மகேந்திராவின் படமோ, வளர்ந்துவிட்ட ஓர் ஆண் தன் விடலைப் பருவத்தைத் திரும்பிப் பார்ப்பது. குரல் பெண்ணிலிருந்து ஆணுக்கு மாறியதும், அதே தாவல்கள் எதிர்பார்ப்பாக இல்லாமல் இழப்பாக ஒலிக்கின்றன. கங்கை அமரனின் வரிகளும் அதைப் புரிந்துகொண்டு உட்கார்ந்திருக்கின்றன. தியாகராஜர் ஒரே ராகத்தில் எத்தனை கீர்த்தனை போட்டாலும் மிச்சம் என்று யாரும் சொல்வதில்லை. சினிமாக்காரர் என்றால் மட்டும் நமக்கு ரசீது வேண்டும்.

அந்தக் குற்றச்சாட்டை ஒரேயடியாக வீழ்த்தும் சாட்சி ‘கரும்பு’. 1970-களின் தொடக்கத்தில் எடுத்த படம்; திரைக்கு வரவில்லை, பாட்டு மட்டும் பிழைத்தது. மெட்டைக் கொடுத்து வரி வாங்குவதுதான் சலீலின் வழக்கம், மலையாளக் கவிஞர்கள் வயலாரும் ஓ.என்.வி.யும் அப்படித்தான் அவருக்கு எழுதினார்கள். ‘கரும்பு’வில் கதை தலைகீழ். எழுதியவர் இளங்கோவடிகள், ஓர் அசையை நகர்த்தச் சொல்ல முடியாது. சிலப்பதிகாரத்துக் கானல்வரியில் கோவலன் யாழெடுத்துப் பாடும் ‘திங்கள் மாலை வெண்குடையான்’ அவர் கைக்கு வருகிறது. சோழன் கங்கையைக் கூடினாலும் காவேரி ஊடாமல் நடக்கிறாள், அதுவே அவள் கற்பு என்று ஆற்றை வாழ்த்தும் பாட்டு. கங்கை கடலில் விழும் நாட்டிலிருந்து வந்தவரிடம் இந்தப் பாட்டைக் கொடுத்தது யார் யோசனையோ, அவர் குறும்புக்காரர்.

சலீல் என்ன செய்தார்? புராணப் படத்துக் கம்பீரம் எதையும் பூசவில்லை. பண்ணாராய்ச்சி செய்கிறேன் என்று பாட்டைத் தூசி தட்டவும் இல்லை. தமிழ் யாப்பு அறியாத மனிதர், அந்த வரிகளின் நடையைக் காதால் மட்டும் பிடித்து, ஓர் ஆறு நடப்பதுபோல் நடத்தியிருக்கிறார். ஏசுதாஸ் ஒருமுறை, பி. சுசீலா ஒருமுறை, ஒரே பாட்டு. காப்பியத்தில் இது கோவலன் குரல். ஆற்றைப் பாடுகிறேன் என்கிறான். கேட்ட மாதவிக்கு அவன் மனம் வேறொருத்தியிடம் போய்விட்டதாகப் படுகிறது. அங்கிருந்துதான் பிரிவு தொடங்குகிறது. சுசீலாவின் குரலில் கேட்கும்போது அது மாதவி காதில் விழுந்த பாட்டாகிவிடுகிறது. இதை அவர் திட்டமிட்டாரா என்பது எனக்கு முக்கியமில்லை. சிலம்புக்கு எழுதிய உரைகளில் பலவற்றைவிட இந்த இரண்டு பதிவுகளும் எனக்கு அதிகம் விளக்கியிருக்கின்றன.

பிறகு ‘தூரத்து இடிமுழக்கம்’ (1980). மறுபடி கடற்கரை, மறுபடி மீனவர்கள். நல்ல பாட்டுகள், ஆனால் தமிழ் சினிமா அதற்குள் வேறு திசையில் திரும்பிவிட்டது. இளையராஜாவின் ‘அன்னக்கிளி’ வந்து நான்காண்டுகள் ஆகியிருந்தன. கன்னட ‘கோகிலா’விலும் (1977) ‘அழியாத கோலங்க’ளிலும் சலீலோடு இருந்த பாலு மகேந்திரா, ‘மூடுபனி’யிலிருந்து (1980) இளையராஜாவோடு தங்கிவிட்டார், அதுவே ராஜாவுக்கு 100-ஆவது படம்.

இங்கேதான் முன்னுரை என்ற புகழ்மாலை நுழைகிறது. சென்னை ஒலிப்பதிவுக் கூடத்தில் சலீலுக்கு இளையராஜா கிடார் வாசித்தவர். மலையாளப் படங்களில் சலீலுக்குத் துணையாக இருந்தவர் ஏ.ஆர். ரஹ்மானின் தந்தை ஆர்.கே. சேகர். இதையெல்லாம் வைத்து ஒரு வம்சாவளி வரைந்துவிடுகிறார்கள். வரையட்டும். ஆனால் ராஜா எடுத்துக்கொண்டது வாத்தியங்களுக்கிடையே நடக்கும் பேச்சை. சலீலின் மனிதக் கூட்டத்தை அவரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, வேறெவரும் எடுத்துக்கொள்ளவில்லை.

ஒருவரைத் தவிர. எம்.பி. சீனிவாசன். நிமாய் கோஷ் என்ற வங்காளி தமிழில் இயக்கிய ‘பாதை தெரியுது பார்’ (1960) படத்துக்கு இசையமைத்தவர். பின்னாளில் மெட்ராஸ் யூத் கொயரை நிறுவியவர். அவரையும் மலையாளத்துக்கே கொடுத்துவிட்டோம். சலீல் 1995-இல் போனார், எம்.பி.எஸ். அதற்கு ஏழாண்டு முன்பே போய்விட்டார். தமிழில் சேர்ந்து பாடும் இசை கட்சி மேடைக்கும் கோவிலுக்கும் ஒதுங்கிக்கொண்டது.

அதனால் நூற்றாண்டுக்கு இன்னொரு ‘சலீல் நைட்’ வேண்டாம். கரோக்கியில் ‘மதுமதி’ பாடுவது அவரவர் கல்யாண மண்டபத்தில் நடக்கட்டும். கொட்டாரத்துக்குப் பக்கத்து மயிலாடியில் 1806-இல் மிஷனரி ரிங்கல்தௌபே வந்து இறங்கிய நாளிலிருந்து வளர்ந்த சபைகள் இம்மாவட்டத்தில் இருக்கின்றன. சோப்ரானோ, ஆல்டோ, டெனர், பேஸ் என்று நான்கு குரலாகப் பிரிந்து பாடப் பழகிய பாடகர் குழுக்கள் அங்கே உண்டு. டிசம்பர் பிறந்தால் ராத்திரி ராத்திரியாக ஒத்திகை நடக்கும். தமிழ்நாட்டில் சலீலின் காதோடு பிறந்தவர்கள் என்று யாரையாவது சொல்வதானால் இவர்களைத்தான் சொல்வேன். கானல்வரிப் பாட்டுக்கு நான்கு குரல் சுரக்குறிப்பு எழுதி இவர்கள் கையில் கொடுக்க ஓர் ஆள் வேண்டும். தமிழ்த்துறைகள் கருத்தரங்குக்கு ஒதுக்கும் பணத்தில் பாதி இதற்குப் போதும்.